உலர் கிளட்ச் மகாராஜர் மெய்க்கீர்த்தி

ஏழு கியர்களையும் ஒரு சேனையாக அணிவகுத்து, ஒற்றைப்படைக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒரு கிளட்ச் என்று இரு தளபதியரை நியமித்து, எண்ணெய் என்னும் ஈரப்பசையைக் கோட்டை வாசலிலேயே தடுத்து நிறுத்தி, வறட்சியையே விரதமாகப் பூண்டு, குடும்ப எஸ்.யூ.வி. என்னும் பொற்றேரில் வீற்றிருந்து அருளாட்சி புரியும், உலர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸாகிய ஸ்ரீமான் டிரை கிளட்ச் டி.சி.டி. மகாராஜரின் கீர்த்தியைப் பாடும் பேறு வாய்த்ததற்கு எம் முன்னோர் செய்த தவமே காரணமாகும். புதுக் கார் வாங்க ஷோரூம் படியேறும் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தலைவியும் இந்தக் கீர்த்தியைச் செவிமடுத்த பின்பே முன்பணம் கட்டுவது உத்தமம்.

மகாராஜரின் மாண்பை அறிய வேண்டுமானால், அவர் வந்து வீழ்த்திய டார்க் கன்வெர்ட்டர் கிழவரின் சிறுமையை முதலில் அறிய வேண்டும். அவர் பிறப்பே உப்புத் தண்ணீர்ப் பிறப்பு. கப்பலின் டர்பைனுக்கும் புரொப்பல்லருக்கும் நடுவில் திரவத்தை வைத்து விசையைக் கடத்தும் வித்தைக்கு ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1905-ல் காப்புரிமை பெற்றார். அந்த வம்சம் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் ஹைட்ராமேட்டிக் என்ற பெயரோடு வெறும் திரவ இணைப்பாகக் காருக்குள் நுழைந்தது. பின்னர் டார்க் கன்வெர்ட்டராக முதிர்ந்த அந்தக் கிழவர் செய்யும் வேலையைப் பாருங்கள். என்ஜின் பக்கம் இம்பெல்லர் எண்ணெயை வீசும். அந்த எண்ணெய் எதிரிலிருக்கும் டர்பைனைச் சுழற்றும். இடையில் நிற்கும் ஸ்டேட்டர் திரும்பி வரும் எண்ணெயை மடக்கி மறுபடியும் வேலைக்கு அனுப்பும். இதனால் வண்டி நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது என்ஜின் தரும் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய வண்டி மேட்டில் சத்தமின்றிக் கிளம்புகிறது. கிளம்பும் நேரத்தில் உராய்ந்து தேய ஒரு தட்டும் கிடையாது. பிறக்கும் சூடு எண்ணெய்க்குப் போகிறது, எண்ணெய் கூலருக்குப் போகிறது, கூலர் அதைக் காற்றில் விட்டுவிடுகிறது. அவ்வளவுதான் கதை. இப்படி ஓசையும் தேய்மானமும் இல்லாமல் ஒருவர் ஊழியம் செய்தால், வீட்டில் அவரைப் பற்றிப் பேசத்தான் யாருக்கு வாய்க்கும்? லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் தம் இருப்பை ஒருமுறைகூட உணர்த்தாத ஊழியரை ரசிகர்கள் எப்படிப் பாராட்டுவார்கள்?

மகாராஜரின் வம்சமோ பந்தயக்களத்து வம்சம். 1980-களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் பரீட்சை செய்த வித்தை, 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-வில் பொதுமக்களுக்குக் கிடைத்தது. அந்த முதல் தலைமுறை எண்ணெயில் நீராடிக்கொண்டிருந்தது என்பது வம்ச வரலாற்றின் ஒரு சிறு களங்கம். 2008-ல் அதே ஃபோக்ஸ்வாகன், எண்ணெயைத் துறந்த 7 வேக உலர் கிளட்ச் அவதாரத்தை வெளியிட்டுக் களங்கத்தைத் துடைத்தது. எண்ணெய் இல்லை, ஆகவே அதைக் கலக்கும் இழப்பும் இல்லை. மூன்றாம் கியரில் போகும்போதே நான்காம் கியர் கோத்துக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடும் கணத்தில் மறு கிளட்ச் பிடிக்கும். இமை கொட்டும் நேரம்கூட வேண்டாம். நள்ளிரவில், ஆளரவமற்ற ஈ.சி.ஆரில், தன்னந்தனியாக மகாபலிபுரம் போகிற குடும்பங்களுக்கு இதைவிட உயர்ந்த வாகனம் பூவுலகில் கிடையாது. நம் குடும்பங்கள் எல்லாம் இப்படித்தானே பயணம் செய்கின்றன?

ஆயினும் மகாராஜரின் முழு மகிமையும் பந்தயக்களத்தில் விளங்குவதில்லை. சனிக்கிழமை மாலை ஜி.எஸ்.டி. சாலையில்தான் அது விளங்கும். முன்னால் போகும் பேருந்து ஆறடி நகர்கிறது. நாமும் ஆறடி நகர வேண்டும். முதல் கியரின் கிளட்ச் முழுக்கப் பிடித்தால் வண்டி பாய்ந்துவிடும். முழுக்க விட்டால் நின்றுவிடும். ஆகவே மகாராஜர் பாதி பிடித்தும் பாதி விட்டும் தம் திருத்தட்டைத் தேய்த்து நம்மை நகர்த்துகிறார். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இதே திருத்தொண்டு. மேனுவல் வண்டி ஓட்டத் தெரியாதவர் பாதி கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் கடிந்துகொள்வார். அதே செயலை ஒரு கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான தடவை சலிக்காமல் செய்யும்போது அதற்கு நவீனத் தொழில்நுட்பம் என்று பெயர், அதற்கெனத் தனி விலையும் உண்டு. சூடு ஏறுகிறது. கொண்டுபோக எண்ணெய் இல்லாததால் அந்தச் சூடு சிந்தாமல் சிதறாமல் கிளட்ச் அறைக்குள்ளேயே பத்திரமாகச் சேமிக்கப்படுகிறது.

சேமிப்பு நிறைந்ததும் மகாராஜர் டாஷ்போர்டில் அரசாணை பிறப்பிக்கிறார்: கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தவும். ஆகா, என்ன கருணை! ஓய்வென்பதையே அறியாத நகரத்துக் குடும்பத்துக்கு, கத்திப்பாரா மேம்பாலத்தின் உச்சியில், நான்கு பக்கமும் ஹாரன்கள் இசைக்க, சித்திரை வெயிலில் ஒரு கட்டாய இளைப்பாறுதல். கொல்லிமலைக்குப் போகிறவர்கள் இன்னும் பாக்கியசாலிகள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். கிழவரின் வண்டியில் போனால் வளைவுகளை எண்ணுவதற்குள் மலை ஏறிவிடுவோம். அருவியைத் தவிர வேறெதையும் பார்த்த நினைவு இருக்காது. மகாராஜரோடு போனாலோ, எதிரே இறங்கும் பேருந்துக்கு வழிவிட்டு ஒரு வளைவின் நடுவில் நின்று, மேட்டில் மறுபடியும் புறப்படும் அந்த நொடியில், வண்டி முன்னே போகுமா பின்னே உருளுமா என்ற தத்துவ விசாரத்தில் பாட்டி முதல் பேரன் வரை அனைவரும் ஒருமனதாக இறைவனை நினைக்கிறார்கள். சிதறிக் கிடக்கும் இக்காலக் குடும்பங்களை ஒரே பிரார்த்தனையில் இணைக்கும் சக்தி வேறெந்த கியர்பாக்ஸுக்கு உண்டு?

சில ஆண்டுகள் கழிந்து தட்டுகள் பதம் பெற்றதும் அடுத்த அற்புதம் தொடங்கும். சிக்னலில் பச்சை விழுந்து வண்டி கிளம்பும்போது, அம்மன் கோயில் கொடையில் அருள் வந்தவர் போல, அது உச்சி முதல் பாதம் வரை குலுங்கும். பாமரர் இதை ஷடர் என்றும் பழுது என்றும் சொல்வர். அவர்களைத் திருத்துவதற்காகவே ஒரு மகத்தான நிறுவனம் ஆஸ்திரேலியாவில் திருவாய் மலர்ந்தது. ஃபோர்டின் பவர்ஷிப்ட் என்னும் 6 வேக உலர் இரட்டை கிளட்ச் பொருத்திய ஃபியஸ்டா, ஃபோக்கஸ், ஈகோஸ்போர்ட் கார்கள் குலுங்குகின்றன என்று அந்நாட்டு வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். அந்தக் குலுக்கம் வண்டியின் தரக்குறைவின் அறிகுறி என்பதை நிறுவனம் அறிந்திருந்தும், நீங்கள் ஓட்டும் முறையால்தான் இப்படி ஆகிறது என்று பலரிடமும் பொறுமையாக எடுத்துரைத்தது. பணம் கொடுத்து வாங்கியவரே குற்றவாளி என்னும் இந்த ஞானத்தை உலகுக்கு வழங்கிய பெருந்தகைமையை எந்தச் சொல்லால் போற்றுவது? மேலும் பணம் கட்டினால் வேறு புதுக் கார் எடுத்துக்கொள்ளலாம் என்றொரு திட்டத்தையும் அருளி, அதற்கு விசுவாசத் திட்டம் என்றே திருநாமம் சூட்டியது. விசுவாசம் யாருடையது என்று கேட்பது அற்பத்தனம். ரசனையற்ற ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 ஏப்ரலில் இந்த நடத்தைக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நீதிபதிகளுக்குக் கவிதை புரியாது என்பது பழங்காலம் தொட்டு வரும் குறைதான்.

சீனத்திலும் ரசனைப் பஞ்சம் இருந்தது. 2013 மார்ச் 15 அன்று, நுகர்வோர் உரிமை நாளில், அரசுத் தொலைக்காட்சி ஃபோக்ஸ்வாகனின் கியர்பாக்ஸைப் பற்றி முகஞ்சுளிக்கும்படி ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. விளைவு, 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அத்தனை வண்டிகளும் தாம் பிறந்த குடும்பத்தாரைக் கண்டு வர ஒரு வாய்ப்பு என்று கொள்வோம்.

எதிரிகளை மன்னித்துவிடலாம். பாளையத்துக்குள்ளேயே கோழைகள் முளைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஜி.எஸ்.டி. சாலையோரம் மறைமலை நகரில், சென்னையின் நெரிசலைத் தினமும் கண்ணெதிரே கண்டுகொண்டிருந்த தொழிற்சாலையில் உருவாகி, 2013-ல் நம் ஊர்களில் உலா வந்த பெட்ரோல் ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்கில் மகாராஜரின் குலம் கொலுவிருந்தது. 2017-ல் முகம் மாற்றி வந்தபோது பார்த்தால், சிம்மாசனத்தில் 6 வேக டார்க் கன்வெர்ட்டர் கிழவர்! முடிசூட்டிய கைகளே முடியைக் கழற்றியிருந்தன. அமெரிக்காவில் நிஸானும் இதே கோழைத்தனத்தைக் காட்டியது. மூன்று வரிசை இருக்கை கொண்ட தன் பாத்ஃபைண்டரில் 2013 மாடலிலிருந்து புல்லிகளோடு சுழலும் சி.வி.டி.யை வைத்துப் போற்றி வந்தது. நடுக்கம் பற்றிய வழக்குகளைச் சகித்தது, வாரண்டியை நீட்டித்தது, பிறகு 2022 மாடலில் அதை இறக்கிவிட்டு இசட்.எஃப். செய்த 9 வேக டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கை ஏற்றியது. கிழவர் செய்த சூழ்ச்சியும் இதில் உண்டு. நான்கே கியரோடு முனகிக்கொண்டு பெட்ரோலைக் குடித்த காலத்தில் அவரைப் பழிப்பது எவ்வளவு எளிதாக இருந்தது! அவர் லாக்-அப் கிளட்ச் பூட்டி நழுவலை நிறுத்தினார், கியர்களை ஆறாக்கினார், 2009-ல் பி.எம்.டபிள்யூ காரில் இசட்.எஃப். பெயரோடு எட்டாக்கினார். பழைய கேலிகளைப் பொய்யாக்குவதற்கென்றே ஒருவர் இப்படி உழைப்பது நாகரிகமா? இன்றும் ஃபார்ச்சூனர் போன்று கனத்த குடும்பங்களைச் சுமக்கும் வண்டிகளில் அவரே குந்தியிருக்கிறார்.

மகாராஜரின் உறவினரையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஈரக் கிளட்ச் பங்காளிகள் தட்டுகளை எண்ணெயில் நனைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்கிறார்கள். விரதம் காக்கத் தெரியாதவர்கள், ஆகவே நெரிசலில் கொஞ்சம் பிழைத்துப்போகிறார்கள். ஏ.எம்.டி. என்னும் ஏழைத் தம்பி மேனுவல் கியர்பாக்ஸுக்கே ரோபோ கையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கியருக்கும் பயணிகளைத் தலைவணங்கச் செய்யும் பணிவுடையவர்.

இனி மகாராஜரின் சிக்கனம். ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைக்கூடத்தில், போக்குவரத்துப் போலீஸும் மாடும் ஷேர் ஆட்டோவும் இல்லாத உருளைகள்மேல் ஓடி, அவர் ஈட்டித் தரும் மைலேஜ் எண் விளம்பரத்தில் எத்தனை அழகாக நிற்கிறது! அந்தச் சிக்கனத்தால் மாதாமாதம் மிஞ்சும் சில்லறையை உண்டியலில் போட்டுவந்தால், வாரண்டி முடிந்த மறுமாதம் கிளட்ச் செட் மாற்றச் சொல்லும் எஸ்டிமேட்டின் மேல் அந்த உண்டியலைக் காகிதம் பறக்காமல் வைக்கலாம். கியரையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் என்னும் மந்திரி பிரதானியும் அதே சமயம் சுகவீனப்பட்டால், வீட்டின் பொருளாதாரம் முழுவதையும் ஒரே காரின் நலனுக்கு அர்ப்பணிக்கும் தியாகம் கைகூடும். தெருமுனை மெக்கானிக்கோ, பெட்டியைத் திறந்து பார்க்கும் பாவத்தைச் செய்யாமல், கும்பிட்டுக் கம்பெனிக்கே அனுப்பிவைப்பார். விற்கப் போனாலும் குறையில்லை. பழைய கார் வாங்க வருபவர், டி.சி.டி.யா என்று ஒரு முறை கேட்டுவிட்டு, விலை பேசும் சிரமத்தை நமக்கு வைக்காமல் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஆகவே மகாராஜரைத் தரிசிக்க ஷோரூம் செல்லும் பக்தர்கள் சில ஆசாரங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை ஏழு மணிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளி மாலை ஆறு மணிக்கு, குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டு, மேம்பால ஏற்றத்தில் நெரிசலோடு நெரிசலாக அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று அடம்பிடிப்பது ராஜதுரோகம். கிரெட்டா, செல்டோஸ் போன்ற வண்டிகளில் டர்போ பெட்ரோலுக்கு 7 வேக டி.சி.டி.யும் அதே காரின் டீசலுக்கு 6 வேக டார்க் கன்வெர்ட்டரும் வருகிறதே, ஏன் இப்படி என்று இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி ஒப்பிடக் கூடாது. எக்ஸ்டெண்டட் வாரண்டித் தாளில் கிளட்ச் தட்டு தேய்மானப் பொருள் என்ற வரி இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுத் தேடக் கூடாது. கிளட்ச் செட் விலையைச் சர்வீஸ் கவுன்டரில் எழுதி வாங்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த கிளட்ச் ஈரமா உலர்ந்ததா என்று சேல்ஸ் தம்பியிடம் கேட்டுவிடவே கூடாது. அப்படிக் கேட்ட சிலர்தாம் முகம் சுருங்கி வெளியேறி, பழைய டார்க் கன்வெர்ட்டர் வண்டியை வாங்கிக்கொண்டு, பத்து வருடமாகியும் சர்வீஸ் சென்டரில் ஒருவர் பெயர்கூடத் தெரியாமல் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.