நாலாம் நம்பர் கயிறு

1998-இல் உப்பிலியபுரத்தில் நான் டைப் பழகிய இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. இன்டர்நெட்டுக்கு மோடம் கார்டு வேண்டுமென்றார் வாத்தியார். திருச்சியில் வாங்கி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, துறையூரில் பஸ் மாறி, மடியில் கைக்குழந்தை மாதிரி வைத்துக் கொண்டுவந்தேன். மாட்டினேன். மோடம் கிறீச்சிட்டு டயல் செய்த மறுகணம் மவுஸ் உறைந்துவிட்டது. லைனைத் துண்டித்தால் உயிர் வந்தது.

“திருஷ்டிப்பா” என்று வாத்தியார் மானிட்டர் மேல் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார்.

குற்றவாளி பஸ்தான். துறையூர் பஸ் இல்லை. பிராசஸர், மெமரி, கார்டுகள் எல்லாம் பேசிக்கொள்ள உள்ளே ஓடும் பொதுக் கம்பிப்பாதை. 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த ஐஎஸ்ஏ பஸ்ஸில் ஐஆர்க்யூ என்று சில பெல் கயிறுகள் உண்டு. இழுத்தால் பிராசஸர் திரும்பிப் பார்க்கும். மவுஸுக்கு காம்-1 என்ற வாசல், மோடத்துக்கு காம்-3. வழக்கப்படி இரண்டுக்கும் நாலாம் நம்பர் கயிறு. ஒரே கயிற்றை இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் இறங்கப்போவது யாரென்று டிரைவர் என்ன கண்டார்?

வைத்தியம், கார்டில் ஜம்பரை இடம் மாற்றுவது. உளுந்து பருமனில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. பிடுங்கும்போது தெறித்து ஓடியது. டைப்ரைட்டர் மேஜைகளுக்கு அடியில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து அரைமணி தேடினேன். சும்மா கிடந்த மூன்றாம் கயிற்றுக்கு மாற்றியதும் மவுஸ் நகர்ந்தது. வாத்தியார் எலுமிச்சம்பழத்தைக் கும்பிட்டார்.

இப்போது அந்தத் தள்ளுமுள்ளு இல்லை. 1996-இல் யுஎஸ்பி வந்தது. இன்டெல்லில் அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் வதோதராக்காரர் அஜய் பட். கம்ப்யூட்டரே முறைவைத்து ஒவ்வொரு கருவியையும் விசாரிக்கும். கயிறு இழுக்கும் வேலை இல்லை. உள்ளேயோ, 2003-இல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸில் கார்டுக்குக் கார்டு தனிப்பாதை. வீட்டுக்கு வீடு டூவீலர் வந்த கதைதான். பஸ் என்ற பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

போன மாதம் அக்கா மகன் கல்யாண வீடியோவை எஸ்எஸ்டி டிஸ்க்கில் ஏற்றினான். ஊர்ந்தது. டிஸ்க் நொடிக்கு 10 ஜிகாபிட் ஓடக்கூடியது. மாட்டிய டைப்-சி கேபிளோ போன் சார்ஜருடன் வந்த 480 மெகாபிட் கட்டைவண்டி. அந்தக் காலத்துப் பிரிண்டர் பிளக்கில் 25 முள்; கண்ணை மூடித் தடவினாலே ஆள் தெரியும். இதுகளுக்கெல்லாம் ஒரே மூஞ்சி.

“எது மாமா நல்ல கேபிளு?”

டிராயரில் ஏழு கிடந்தன, எல்லாம் கறுப்பு. ஒவ்வொன்றாக மாட்டி, காப்பியடித்துப் பார்த்து, ஆறாவதில் வீடியோ பறந்தது. மறுபடி கலந்துவிடக் கூடாதென்று அக்கா அதன் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள்.