கிணற்றடி வாளியின் சட்டநிலை: தீவகப் பொதுவெளி அணுகுரிமை குறித்த ஓர் ஆரம்பநிலை ஆய்வு

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது இடங்களை யார், எப்போது, எவ்வளவு நேரம் பாவிக்கலாம் என்பது பற்றி உலகெங்கும் ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. மாடிப்படி, மின்தூக்கி, வாகனத் தரிப்பிடம், உடுப்புக் காயப்போடும் கொடி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. இலங்கையில் இதற்கென்றே 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க அடுக்குமாடி உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஊர்காவற்றுறையையும் நயினாதீவையும் நெடுந்தீவையும் இந்த அறிஞர்கள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பனையையும் கோபுரத்தையும் விட்டால் அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லாத ஊர்களில் அவர்களுக்கு என்ன அலுவல்? இதைத்தான் ‘ஆய்வு இடைவெளி’ என்பார்கள். இடைவெளி கண்ட இடத்தில் ஒரு கட்டுரையை நட்டுவிட வேண்டும் என்பது கல்வியுலக மரபு. நடுகிறேன்.

முறையியல் பற்றி ஒரு சொல். இந்த ஆய்வின் களப்பணி, இடம்பெயர்ந்திருந்த காலம் நீங்கலாக, எங்கள் கிணற்றடியில் நாற்பது வருடம் நடந்தது. குறிகட்டுவானில் காலைப் படகேறி, நெடுந்தீவில் குதிரையைப் படமெடுத்து, பெருக்கு மரத்தைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்து, பின்னேரப் படகில் திரும்பி, ‘வெளி, அதிகாரம், சொல்லாடல்’ என்று முந்நூறு பக்கம் எழுதுவோரின் முறையியல் வேறு. அவர்களுக்கு வரும் வழியில் கடல் கொந்தளித்திருந்தால் ஓர் அத்தியாயம் கூடும்.

முன்னாய்வுகள்

பங்கு பிரிக்கும் கலையில் தீவகம் நேற்று முளைத்ததல்ல. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. நடுக்கடலில் தத்தளிக்கும் யானைக்கே கணக்குச் சொல்லிவிட்ட கல்வெட்டு வாளியைப் பற்றி மூச்சு விடவில்லை. கல்வெட்டறிஞர் எவரும் இந்த மௌனத்தை இதுவரை கவனித்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். ஊர்காவற்றுறை இருக்கும் தீவை லெய்டன் என்றார்கள், புங்குடுதீவை மிடில்பர்க் என்றார்கள், நயினாதீவை ஹார்லெம் என்றார்கள். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய இன்னொன்று அவர்களின் சட்டம். யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் எங்கள் வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை என்று எழுதிக்கொடுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். பன்னிரண்டு யாழ்ப்பாணத்தார் ஒரு விஷயத்தைச் சரி என்றது அதுதான் முதலும் கடைசியும் (பெரியம்மா, வாய்மொழி, கிணற்றடி).

ஒழுங்கை

ரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டம் வண்டிவழி நேராகப் போனால் எட்டடி, திரும்பும் இடத்தில் பதினாறடி என்று அகலம் சொன்னது. அதன் வழிவந்த ரோமன்-டச்சுச் சட்டம் நடைவழி, மாட்டுவழி, வண்டில்வழி என்று மூன்றாகப் பிரிக்கிறது. எங்கள் ஒழுங்கை இந்த மூன்றிலும் அடங்காது. அதன் அளவுகோல் பாடை. நாலு பேர் தூக்கிக்கொண்டு திரும்பக்கூடியதாக இருந்தால் அது ஒழுங்கை. இல்லாவிட்டால் அது இரண்டு வேலிக்கு இடையில் இருக்கும் கோபம். இப்போது பாடையின் இடத்தை ஓட்டோ பிடித்துவிட்டதால் பழைய தீர்ப்புகளை எல்லாம் மீளாய்வு செய்ய வேண்டியிருக்கிறது.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி பத்து வருடம் தடையின்றி ஆண்டால் உரிமை பிறக்கும். ஆகையால் எங்கள் ஒழுங்கையில் ஒன்பதாம் வருட முடிவில் ஒருநாள், ஒரேயொரு நாள், யாராவது ஒரு முள்ளுக்கொப்பை இழுத்துக் குறுக்கே போடுவார்கள். மானிடவியலாளர் இதைச் சடங்கு என்பர்.

வேலி

நெடுந்தீவில் சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல் வேலி, அது நகராது. மற்றத் தீவுகளில் கதியால் வேலி. ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் ஓர் அங்குலம் நடக்கும். பூவரசுக்குக் கால் உண்டென்பதைத் தாவரவியல் இன்னும் ஏற்கவில்லை.

கோயில் வீதி

எனக்கு உயிர்மேல் ஆசை உண்டு.

கிணறு

இனித்தான் ஆய்வு. எங்கள் தீவுகளின் நிலம் சுண்ணக்கல். மழைநீர் அதனூடே இறங்கி, அடியிலிருக்கும் உவர்நீரின்மேல் மெல்லிய ஆடைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு அது உவரைத் தள்ளிப் பிடிக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி எழும். மெசின் பூட்டி ஆசைக்கு இறைத்தால் கத்தரிக் கன்றுக்கு உப்புத் தண்ணீர்தான். அதனால்தான் முறை. இன்றைக்கு உங்கள் முறை, நாளைக்கு எங்கள் முறை.

உறுதியில் ‘கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்’ என்று எழுதுவார்கள். பூட்டன் வெட்டிய கிணறு நாலு பிள்ளைகளுக்குப் போய், அங்கிருந்து நாலு நாலாகச் சீதனத்தில் பிரிந்து, பெரியம்மாவின் தலைமுறையில் பதினாறில் ஒன்றாகி, என்னிடம் அறுபத்துநாலில் ஒன்றாக வந்திருக்கிறது. ஒரு நாளில் 1440 நிமிடம். ஆகவே என் முறை 22 நிமிடம் 30 செக்கன். அதற்குள் குளித்துத் தோய்த்துவிட வேண்டும். சவர்க்காரம் கண்ணில் பட்டால் அடுத்த பங்காளியின் நேரம் தொடங்கிவிடும்.

இவ்வளவு நுணுக்கமான உறுதியில் வாளி இல்லை. நொத்தாரிசு எழுதவில்லை. துலா, ஆடுகால், தொட்டி எல்லாம் நிலத்தோடு சேர்ந்தவை என்று வாதாடலாம். வாளி ஆடும் பொருள், கயிறு அதைவிட ஆடும் பொருள். இங்கே அறிஞர் இருவகைப்படுவர். கிணற்றோடு வாளியும் பொது என்பது குஞ்சியப்பு நெறி. வாங்கினவருக்கே வாளி, ஓட்டை விழுந்த பிறகு பொது என்பது பெரியம்மா நெறி (பெரியம்மா, மேலது, திருத்திய பதிப்பு, வேலிக்கு மேலால்). இரு நெறிகளும் ஒரு பின்னேரம் நேருக்கு நேர் மோதிய வரலாற்றுத் தருணத்தில் நான் தோய்ச்சல் கல்லில் இருந்தேன்.

“தம்பி, உந்த வாளி ஆற்ற?”

“கிணத்தில தொங்கினது மச்சாள். கிணத்தில எங்களுக்கும் பங்கு கிடக்குதெல்லே.”

“பங்கு கிடந்தாக் கிணத்தைக் கொண்டு போங்கோ. வாளியை வைச்சிட்டுப் போங்கோ.”

அசையும் ஆதனம், அசையா ஆதனம் என்று சட்டக்கல்லூரிகள் வருடக்கணக்கில் விளக்கும் பாகுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை. குஞ்சியப்புவின் மறுப்புரையும் உண்டு (சைக்கிளில் ஒரு கால் வைத்தபடி, முற்றுப்பெறாதது, இறுதிப்பகுதி அச்சிடத் தகாதது).

அன்றிரவே பெரியம்மா வாளியைக் கழற்றிக் குசினிக்குள் தொங்கவிட்டார். மறுநாளிலிருந்து எவருக்கும் கிணற்றுக்கான அணுகுரிமை மறுக்கப்படவில்லை. தண்ணீருக்கான அணுகுரிமைதான் இல்லாமற்போனது. இந்த வேறுபாட்டை முதலில் இனங்கண்டவன் நான் என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன். மூன்று வீட்டாரும் மூன்று வாளி வாங்கினார்கள். ஒருவர் தன் வாளியில் பெயிண்டால் பெயரெழுதினார். இன்னொருவர் இரவில் ஒரு கோடு சேர்த்துப் பெயரை மாற்றினார் (பெரியம்மா, தொகுதி மூன்று, பருப்பு ரின்னுக்குள் பேணப்பட்ட கையெழுத்துப்படி, கறையான் அரித்த பக்கங்கள் நினைவிலிருந்து நிரப்பப்பட்டன, குஞ்சியம்மாவின் பாடபேதம் ஏற்கத்தக்கதல்ல, ஏனெனில் அவர் அந்தக் கிழமை நயினாதீவில் அம்மன் திருவிழாவில் நின்றார்).

தீர்வு முறைகள்

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காணிப் பிணக்கால் சமாதானம் குலையலாம் என்றால் நீதிமன்றத்துக்குப் போக வழி செய்கிறது. ஊர்காவற்றுறையிலேயே நீதிமன்றம் உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபையும் உண்டு. இரண்டுக்கும் எங்கள் வழக்குப் போகவில்லை. அப்புக்காத்துக்குக் கொடுக்கும் காசுக்குக் கிணறு நிறைய வாளி வாங்கலாம் என்று இரு தரப்பும் தனித்தனியே கணக்குப் பார்த்திருந்தன. அவர்கள் ஒத்துப்போன ஒரே விடயம் அது.

இன்றைய நிலை

பங்காளிகள் இப்போது பாரிஸ், சூரிச், லண்டன், ரொறன்ரோ என்று சிதறிவிட்டார்கள். அறுபத்துநாலில் பெரும்பகுதி கடல் கடந்துவிட்டது. மிஞ்சிய 22 நிமிடங்களைச் சேர்த்தால் எனக்கு ஒரு முழு முற்பகல் கிடைக்கும், கேட்பாரில்லை. குஞ்சியப்புவின் மகன் ரொறன்ரோவில் அடுக்குமாடியில் இருக்கிறான். பொதுச் சலவை அறையில் அவன் உடுப்புக்கூடையை யாரோ எடுத்துவிட்டார்கள். அறை பொது, ஆகவே அதற்குள் கிடந்த கூடையும் பொது என்று எதிர்த்தரப்பு வாதம். நிர்வாகத்துக்கு அவன் எழுதிய கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினான். அறையில் பங்கிருந்தால் அறையைக் கொண்டு போகட்டும், கூடையை வைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. மேற்கோள் காட்டவில்லை. தகப்பனை எதிர்த்துச் சொன்ன வசனம் மகனுக்கு எப்படிச் சொந்தமாயிற்று என்பது தனி ஆய்வுக்குரியது. பெரியம்மாவிடம் சொன்னேன். “அவன் வைச்சிருக்கட்டும், தம்பி,” என்றார்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். போன ஆனித் திருவிழாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்து எங்கள் வளவில் தங்கிய உறவினர் எவரோ கிணற்றடியில் இருந்த நீலப் பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுபோய்விட்டார். பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். இதை வாசிக்க நேர்ந்தால் தயவுசெய்து யாரிடமாவது கொடுத்துவிடவும். கயிறு வேண்டாம், வேறு வாங்கிவிட்டேன்.