மொத்தமே ஏழாயிரம்தான்

"கடையில பெட்டியா வாங்கினா, டிஸ்க் போடாமலே இருபதாயிரத்துக்கு மேல ஆகும். நான் மொத்தமே ஏழாயிரத்துல முடிச்சேன்."

இதை உங்களிடம் சொன்னவர் யாரென்று இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். சகலையாக இருக்கலாம், பெரியப்பா பையனாக இருக்கலாம், எதிர் பிளாட்காரராகவும் இருக்கலாம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் வரிசையாக ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டி, துணி அலமாரியின் கீழ்த்தட்டில் ராத்திரி பகலாக ஓடவிட்டு, வீட்டிலுள்ள அத்தனை போன்களிலிருந்தும் படங்களை அதற்குள் இழுத்துக்கொள்பவர். அதற்கு அவர் வைத்த பெயர் நாஸ். வீட்டில் மற்றவர்கள் வைத்த பெயர் 'அந்தச் சனியன்'. நான் பொதுவாகத்தான் சொல்கிறேன். என் சகலை இதைப் படிக்க நேர்ந்தால்: சகலை, இது நீங்கள் இல்லை.

இந்த இனம் பல்கிப் பெருகியதற்கு நாள் நட்சத்திரம்கூடச் சொல்லலாம். 2021 ஜூன் 1. அதுவரை போன் படங்களைக் கணக்குப் பார்க்காமல் இலவசமாக வைத்துக்கொண்டிருந்த கூகுள், அன்றிலிருந்து 15 ஜிபிக்கு மேல் போனால் காசு என்றது. 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய். நாம் முனகிக்கொண்டே கட்டினோம், அல்லது குட் மார்னிங் படங்களை அழித்தோம். நம்மவர் மட்டும் சுயமரியாதையைக் கையில் எடுத்தார். "எம் பொண்ணு போட்டோவை நான் பாக்கறதுக்கு அவனுக்கு ஆயுசு பூரா வாடகை கட்டணுமா?" நியாயமான கேள்விதான். பதில்தான் கொஞ்சம் நீண்டுவிட்டது.

அந்த ஏழாயிரம் பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ஏதோ கம்பெனி கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று, நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 7,000 ரூபாய். பில் இருக்கிறது. லேமினேட் செய்து வைத்திருக்கிறார். சந்தேகப்படுகிறவர்களுக்குக் காட்டுவார்.

மற்றவற்றுக்கு பில் இல்லை. ஏனென்றால் மற்றதெல்லாம் செலவே இல்லை.

ஹார்ட் டிஸ்க் நான்கு, ஒவ்வொன்றும் 4 டிபி. "டிஸ்க்கைக் கணக்குல சேக்கக் கூடாது சகலை. நாஸ் கட்டினாலும் கட்டாட்டியும் டிஸ்க் வேணும்ல?" எதற்கு வேண்டும் என்று கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள். யுபிஎஸ்? "அது வீட்டுக்கு." வீட்டுக்கு வாங்கிய அந்த யுபிஎஸ்ஸில் நாஸைத் தவிர எதையும் சொருக விடமாட்டார். என் மனைவியின் அக்கா ஒருநாள் தெரியாமல் மிக்ஸியைச் சொருகி வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. கிகாபிட் ஸ்விட்ச்? "பழைய ரவுட்டர் நூறுலதான் ஓடுது, செகண்டுக்குப் பன்னிரண்டு எம்பி தாண்டல, அதை எப்படியும் மாத்தணும்." கேட்-6 வயர்? "பெயின்ட் அடிக்கறப்போ அதோட சேர்ந்து போச்சு." பெயின்ட் அடித்ததே வயர் இழுக்கக் குடைந்த ஓட்டைகளை மறைக்கத்தான். அதற்கும் முன்பு வாங்கி, வேகம் போதாமல் மூலையில் போட்ட ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர்? "அது கத்துக்கறதுக்கு." ஆக, கல்விச் செலவு. பொருந்தாமல் போன ராம்? "ஸ்பேர்." கல்யாண நாளுக்கு அக்காவின் கார்டில் வாங்கிய விசிறி வைத்த கேபினட்? "கிஃப்ட்டுக்குப் போய் யாராவது விலை பாப்பாங்களா?"

இதற்கெல்லாம் சீரான இலக்கணம் உண்டு என்பது கொஞ்ச காலம் பழகினால்தான் பிடிபடும். வீட்டில் ஏற்கெனவே கிடந்தது கணக்கில் வராது. வேறெதற்கோ வாங்கியதாகச் சொல்ல முடிந்தால் கணக்கில் வராது. தவறாக வாங்கியது அனுபவம், தள்ளுபடியில் வாங்கியது லாபம். லாபத்தை யாரும் செலவில் எழுதுவதில்லை அல்லவா? இந்த விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினால் மேட்டூர் அணையையும் ஏழாயிரத்தில் கட்டிவிடலாம்.

தள்ளுபடி என்றதும் அந்த டேப் விவகாரத்தைச் சொல்லாமல் போக முடியாது. தனி டிஸ்க்கைவிட, பிளாஸ்டிக் கூடு போட்டு வரும் எக்ஸ்டர்னல் டிஸ்க் சில சமயம் மலிவாகக் கிடைக்கும். உள்ளே இருப்பதும் சாதாரண டிஸ்க்தான். எனவே இவர் எக்ஸ்டர்னலை வாங்குவார், காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு நெம்புவார். கிளிப்புகள் ஒவ்வொன்றாக டக் டக்கென்று உடையும். ஒவ்வொரு டக்குக்கும் வாரண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து டிஸ்க்கை உருவி மாட்டினால் சுற்றாது. இப்படி வரும் சில டிஸ்க்குகளுக்கு, பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால், தூங்கு என்று அர்த்தம். பழைய பவர் சப்ளைகள் அதை வஞ்சனையில்லாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். வைத்தியம், அந்தப் பின்னைக் கேப்டன் டேப்பால் மூடுவது. மஞ்சள் நிறத்தில், சூடு தாங்கும் டேப். வேண்டியது அரிசி நீளத்தில் ஒரு கீற்று. கடையில் கிடைப்பது 33 மீட்டர் சுருள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டுவீசரில் அந்தக் கீற்றைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, குழந்தை நெற்றியில் திருநீறு இடும் கவனத்தோடு ஒட்டுவார். டிஸ்க் சுற்ற ஆரம்பித்ததும் வீட்டையே கூப்பிட்டுக் காட்டுவார். சுருளின் விலை? "அது இன்னும் ஆயிரம் டிஸ்க்குக்கு வரும். ஒரு டிஸ்க்குக்குப் போட்டுப் பாத்தா பைசாக் கணக்கு."

ஆயிரம் டிஸ்க் என்றதும் அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

நாலு நாலு பதினாறு டிபி வாங்கினாரே, இடம் எவ்வளவு கிடைத்தது என்று விவரம் தெரியாத யாராவது கேட்டுவிட்டால் ஒரு சாயங்காலம் போச்சு. ஒரு டிஸ்க் செத்தாலும் படம் சாகக்கூடாது என்று எல்லாவற்றையும் இரண்டிரண்டாக எழுதுவதால் பதினாறு எட்டாகும். விற்பவன் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறான், கம்ப்யூட்டர் 1,024 1,024-ஆக எண்ணுகிறது, எனவே எட்டு ஏழேகாலாகும். இந்த இடத்தில் 1988-க்குப் போவார். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்று மூன்று பேர், விலை உயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து ஓட்டலாம் என்று எழுதிய கட்டுரையிலிருந்துதான் ரெய்டு என்ற ஏற்பாடு வந்தது. நாலாவதாகத் தானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே சொல்வார். அதை வீட்டில் எப்படிக் கணக்குக் காட்டுவது என்று அந்த மூவரும் எழுதவில்லை. அந்தப் பங்களிப்பு இவருடையது.

கரண்ட் பில்லுக்கு வருவோம். நாலு டிஸ்க்கோடு அந்தப் பழைய பெட்டி சுமார் 60 வாட் இழுக்கிறது. 24 மணி நேரம், 60 நாள் ஓடினால் 86 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டியதற்கு மட்டும் விலை ஏறாது, நூறுக்கு மேற்பட்ட முதல் படிக்கே விலை ஏறிவிடும். 450-இல் அடக்கமாக இருந்த குடும்பம் 536-இல் போய் நின்றது. மே மாதத்தில் இதற்குக் காரணம் ஏசி. மார்கழியில் கீசர். இடைப்பட்ட காலத்தில் அக்கா அதிகம் இஸ்திரி போடுகிறாராம். வாடகை கொடுக்க மாட்டேன் என்றவர், மாதம் 130 ரூபாயை மிச்சம் பிடிக்க மின்வாரியத்துக்கு எவ்வளவு கட்டுகிறார் என்பதை மட்டும் எந்த எக்செல்லிலும் காணோம்.

அவரிடம் வேறு பழக்கங்களும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் விரலை உயர்த்தி "ரெய்டு வேற, பேக்கப் வேற" என்பார். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று ஊருக்கெல்லாம் சொல்வார். அந்த வெளியிடம் எங்கள் பீரோதான். பட்டுப்புடவைக்கடியில் ஒரு டிஸ்க் இருக்கிறது, கொண்டுவந்து வைத்ததோடு சரி. விருந்தாளி வந்தால் கல்யாண வீடியோவை டிவியில் போடுகிறேன் என்று ரிமோட்டை வாங்குவார். அன்றைக்குப் பார்த்து அப்டேட் வந்திருக்கும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போகும்போது அந்தக் கேசட்டுகள் குறுக்கே வருகின்றன. மாமனாரின் சஷ்டியப்தபூர்த்தி வீடியோ, மூன்று விஎச்எஸ் கேசட். நாங்களெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட வைத்திருந்தவை. சென்னை ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. இவர் எங்கேயோ ஒரு விசிஆரைத் தேடிப் பிடித்து, பூஞ்சையைத் துடைத்து, ஓட்டி, நகலெடுத்தார். கேசட்டை அவசரப்படுத்த முடியாது. மூன்று மணி நேரக் கேசட் நகலாக மூன்று மணி நேரம் ஆகும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இன்று மாமனார் இல்லை. அவர் சமையல்காரரைப் பார்த்து "பாயசத்துல முந்திரியைத் தேட வேண்டியிருக்கே" என்று சத்தம் போடும் குரல் இருக்கிறது. என் மனைவி தன் அப்பாவின் குரலைக் கேட்கச் சகலை வீட்டுக்குத்தான் போகிறாள். அந்த விசிஆருக்கு என்ன கொடுத்தார் என்று நான் கேட்டதில்லை. அதை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விடலாம்.

ஆனால் சகலை, அந்த ஜூன் மாத விஷயத்தை விட முடியாது. (இது நீங்கள்தான். பொதுவாகவெல்லாம் இல்லை.) உங்கள் பெண்ணுக்குப் பொறியியல் கலந்தாய்வு. சான்றிதழ்களை அப்லோட் செய்யக் கடைசி நாள். ஸ்கேன் செய்த எல்லாம் நாஸில். போனில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் "இடம் அடைக்குது" என்று நீங்களே துடைத்துவிட்டீர்கள். நீங்கள் ஆபீஸ் வேலையாகப் புனேயில். மதியம் கரண்ட் போனது, யுபிஎஸ் தன் கால் மணி நேரத்தைக் காட்டிவிட்டுப் படுத்தது. கரண்ட் வந்தது, நாஸ் வரவில்லை. உங்களுக்குப் போன் போட்டால், "கீபோர்டு இல்லேன்னு சொல்லி நிக்கும், எஃப்1 அமுக்கினா போயிடும்" என்றீர்கள். கீபோர்டு எங்கே? பரணில். மானிட்டர்? அதுவும் பரணில். ஏணி வைத்து இறக்கி, மாட்டி, எஃப்1 அமுக்கினால், டிஸ்க்கைத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்டது. நீங்கள் அதற்குள் மீட்டிங்கில். கடைசியில் அக்கா பீரோவிலிருந்து அசல் சாதிச் சான்றிதழை எடுத்து, ஜன்னலோரம் தரையில் விரித்து, போனில் படம் பிடித்து அனுப்பினார்.

இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குடும்பத்தின் கல்யாணம், காதுகுத்து, பத்திரம், மார்க்‌ஷீட் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, அதன் சாவியை ஒரே மனிதரின் மண்டைக்குள் வைத்திருக்கிறோம். அந்த மனிதர் ஹெல்மெட் இல்லாமல் பால் வாங்கப் போகிறார். பூட்டோ, பாஸ்வேர்டு இல்லாமல் செய்தவராலேயே திறக்க முடியாத பூட்டு. மாத வாடகை வாங்கும் அமெரிக்காக்காரனுக்கு நம் முகம் தெரியாதுதான், ஆனால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றால் வேறு வழியாகத் திரும்ப உள்ளே விட ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறான். இங்கே அதுவும் இல்லை. ஏழாயிரத்தில் சேராத செலவுகளில் இதுதான் பெரிது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை போகும்போது விலை கேட்டு வம்பிழுக்காதீர்கள். கேட்டாலும் ஏழாயிரம்தான் வரும். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து எதிரில் உட்காருங்கள். பாஸ்வேர்டு என்ன, கீபோர்டு எங்கே, எந்தச் சுவிட்சை முதலில் போட வேண்டும், படங்கள் எந்தப் பெயரில் இருக்கின்றன, எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதி வாங்கி, வீட்டுப் பத்திரம் இருக்கும் கவரில் வைக்கச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை காபி கொடுக்க வேண்டாம் என்று வீட்டம்மாவிடமும் சொல்லிவையுங்கள். "அதெல்லாம் அப்பவே எழுதி வெச்சாச்சு" என்பார். எங்கே என்று கேளுங்கள்.

எங்கள் சகலை எழுதி வைத்தது நாஸில் இருக்கிறது.