ஓட்டில்லாத நாற்காலிக்காரர்கள்

பென்னாகரத்தில் கட்சிப் பதவி இல்லாத ஆளைத் தேடுவது, ஒகேனக்கல்லில் மீன் வறுக்காத கடையைத் தேடுவது மாதிரி. ஒன்றியத் துணைச் செயலாளர், பேரூர் அவைத்தலைவர், ஏதோ ஓர் அணியின் இணை அமைப்பாளர் என்று ஊரே பொறுப்பில் இருக்கிறது. ஃப்ளெக்ஸில் முகம் எவ்வளவு சின்னதோ, பதவியின் பெயர் அவ்வளவு நீளம். 2010 மார்ச்சில் இங்கே இடைத்தேர்தல் வந்தபோது வெளியூர்ப் பொறுப்பாளர்களும் வந்து இறங்கினார்கள். யார் யாருக்கு முதலில் வணக்கம் வைப்பது என்பதே தனிப் படிப்பாகிவிட்டது.

இத்தனை பதவி பார்த்த எங்களையும் அசத்துகிற பதவி ஒன்று சீனத்தில் உண்டு: மாற்று உறுப்பினர். ரஷ்யாக்காரர்களிடமிருந்து வாங்கி சீனத்தில் வளர்த்த சரக்கு. மத்தியக் குழுக் கூட்டத்துக்குப் போகலாம், உட்காரலாம், பேசலாம். ஓட்டு மட்டும் போடக்கூடாது. முழு உறுப்பினர் யாராவது செத்தாலோ, கட்சியை விட்டுத் துரத்தப்பட்டாலோ, அந்த இடத்துக்கு மாற்று உறுப்பினர் ஏறுவார். வாங்கிய வாக்குகளின் எண்ணிக்கைப்படி வரிசை. முன் வரிசையில் ஒரு பெரியவர் இருமினால், பின் வரிசையில் எத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிரபலம் மாவோ. அதுவும் முதலில் தன் கட்சியில் இல்லை, எதிர்க்கட்சியில். 1924 ஜனவரியில் குவாங்சோவில் கோமிண்டாங் கட்சியின் முதல் மாநாடு நடந்தது. அப்போது இரண்டு கட்சிக்கும் கூட்டணி. கம்யூனிஸ்டுகள் அங்கேயும் உறுப்பினராகலாம். மாநாட்டில் 24 பேர் மத்திய செயற்குழுவுக்கு, 17 பேர் மாற்று உறுப்பினர்களாக. அந்த 17 பேரில் ஹூனான் மாகாணத்து இளைஞர் மாவோவும் ஒருவர். பின்னாளில் எந்தக் கட்சியைச் சீன நிலப்பரப்பிலிருந்தே விரட்டினாரோ, அதே கட்சியின் பிரச்சாரத் துறைக்கும் கொஞ்ச நாள் பொறுப்பு பார்த்தார். நம்மூரில் கட்சி மாறினால் 'துரோகி' என்று போஸ்டர் ஒட்டுவார்கள். மாவோ கட்சி மாறவே இல்லை. இரண்டிலும் ஒரே நேரத்தில் இருந்தார். அதற்குப் போஸ்டர் வாசகம் எழுத நம்மூரில் ஆள் கிடையாது.

கூட்டணி உடைந்ததில் நம் நாட்டுக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. வங்காளத்து எம்.என். ராய், கம்யூனிஸ்ட் அகிலத்தின் பிரதிநிதியாக 1927-இல் வூஹானில் இருந்தார். கோமிண்டாங்கின் பழைய தலைவர்களைக் கம்யூனிஸ்டுகள் எப்படி ஓரங்கட்ட வேண்டும் என்கிற தோரணையில் ஸ்டாலினிடமிருந்து ரகசியத் தந்தி வந்தது. ராய் அதை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் காட்டினார்? கோமிண்டாங்கின் இடதுசாரித் தலைவர் வாங் சிங்வெய்யிடமே. நம்பிக்கையை வளர்க்கிறாராம்! வாங் படித்தார், அதிர்ந்தார், அடுத்த மாதமே கம்யூனிஸ்டுகளை வெளியே தள்ளினார். இந்தியா சீனத்துக்கு அனுப்பிய விருந்தாளிகளில் போதிதருமருக்குப் பிறகு இவ்வளவு விளைவு உண்டாக்கியவர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கலவரத்துக்குப் பின், 1927 ஆகஸ்ட் 7 அன்று ஹான்கோவில் கம்யூனிஸ்டுகள் அவசரமாகக் கூடினார்கள். மாவோவுக்கு இந்த முறை சொந்தக் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவில் மாற்று உறுப்பினர் பதவி. துப்பாக்கிக் குழாயிலிருந்துதான் அதிகாரம் பிறக்கிறது என்ற கருத்தை அவர் அங்கேதான் எடுத்து வைத்தார். அடுத்த மாதம் ஹூனானில் துப்பாக்கியோடு கிளர்ச்சி நடத்தித் தோற்றார். நவம்பரில் அந்த மாற்று நாற்காலியும் போனது. சேதி மலையேறி, அவர் ஒதுங்கியிருந்த சிங்காங் மலைக்கு வந்து சேர மறு வருஷம் மார்ச் ஆகிவிட்டது. வந்த சேதியும் வழியில் வளர்ந்திருந்தது: பதவியிலிருந்து அல்ல, கட்சியிலிருந்தே நீக்கம்! கட்சிக்காரரே இல்லாதவர் படைக்குக் கட்சிப் பிரதிநிதியாக இருக்க முடியாதே. அதனால் பிரதிநிதி பதவியை விட்டுவிட்டுப் படைத் தளபதியாகச் சில நாள் காலம் தள்ளினார். காகிதம் சரியாக வந்து சேர்ந்த பிறகு மறுபடி தோழர் ஆனார். வதந்தியால் கட்சியை இழந்த ஒரே பெரிய தலைவர் இவராகத்தான் இருப்பார்.

ஆனால் என் மனதுக்குப் பிடித்தது 1956-ஆம் வருஷத்து அறுவர். எட்டாவது மாநாட்டில் அரசியல் தலைமைக் குழுவுக்கு ஆறு மாற்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: உலான்ஹூ, சாங் வென்டியான், லூ திங்யி, சென் போடா, காங் ஷெங், போ யிபோ. ஆறு பேரும் ஒரே பின் பெஞ்சு. அடுத்த பத்து வருஷத்தில் அந்த பெஞ்சில் நடந்ததை எழுதினால், எந்த மெகா தொடர் இயக்குநரும் 'நம்ப மாட்டாங்க சார்' என்று திருப்பித் தந்துவிடுவார்.

சாங் வென்டியானைப் பாருங்கள். இளமையில் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ வரை போய் வந்தவர், நாவல் எழுதியவர். 1935-இலிருந்து சில வருஷம் கட்சிக்கே பொதுச் செயலாளர். அவரைத்தான் மாற்று உறுப்பினராக இறக்கினார்கள். முன்னாள் மாவட்டச் செயலாளரைக் கிளைக்கழகத் துணைப் பொருளாளர் ஆக்கினால் அவர் மறுநாள் தனிக்கட்சி ஆரம்பிப்பார். இவர் வாயைத் திறக்காமல் மூன்று வருஷம் இருந்தார். 1959-இல் லூஷான் மலையில் நடந்த கட்சிக் கூட்டத்தில் திறந்தார். மாவோவின் 'மாபெரும் பாய்ச்சல்' ஜனங்களைப் பட்டினியில் தள்ளுகிறது என்று தளபதி பெங் தெஹுவாய் சொல்ல, இவர் எழுந்து அவரை ஆதரித்து மூன்று மணி நேரம் பேசினார். அதோடு கதை முடிந்தது. கடைசியில் வேறு பெயரில் ஊர் ஊராக ஒதுக்கி வைக்கப்பட்டு, 1976 ஜூலை 1 அன்று செத்தார். அது கட்சியின் பிறந்த நாள். ஒருகாலத்தில் அந்தக் கட்சியை நடத்தியவர் அவர்.

லூ திங்யி பிரச்சாரத் துறைக்குத் தலைவர். அவரைக் கவிழ்த்தது கொள்கை மட்டுமல்ல; அவர் மனைவி யான் வெய்பிங்கின் பேனாவும்தான். பாதுகாப்பு அமைச்சர் லின் பியாவின் மனைவி யே சுன்னின் கல்யாணத்துக்கு முந்தைய ஒழுக்கத்தைப் பற்றி அந்தம்மா வருஷக்கணக்கில் மொட்டைக் கடிதம் எழுதினார். எங்கள் பக்கத்திலும் மொட்டைக் கடிதம் தெரியாத விஷயமா? தாசில்தார் அலுவலகத்துக்கு வரும் தபாலில் பாதி அந்த ரகம்தான். ஆனால் பதில் எழுதிய விதம் இங்கே யாருக்கும் வராது. 1966 மே மாதம் தலைமைக் குழுவின் விரிவடைந்த கூட்டம். வந்தவர்கள் உட்காரப் போனால், ஒவ்வொருவர் மேஜையிலும் ஒரு காகிதம். லின் பியாவ் கைப்பட எழுதிய சான்றிதழ்: என்னைக் கல்யாணம் செய்தபோது என் மனைவி கன்னிதான், இதற்கு நானே சாட்சி என்கிற பொருளில். கோடிக்கணக்கான ஜனங்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற கூட்டத்தில், அணுகுண்டு வைத்திருக்கிற ஒரு நாட்டின் மார்ஷல் சுற்றுக்கு விட்ட ஆவணம் அது.

அங்கேயே லூவைப் பார்த்து, உன் மனைவி எழுதியது உனக்குத் தெரியாதா என்று லின் பாய்ந்தார். தங்கள் மனைவியை அவ்வளவாகத் தெரியாத கணவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்களே என்கிற மாதிரி லூ பதில் சொன்னதாகக் கூட்டத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உயிர் ஊசலாடும் நேரத்தில் இப்படியொரு உண்மை பேசியவருக்கு என் கும்பிடு. 1978 கடைசி வரை சிறையில் இருந்தார்.

அந்த பெஞ்சில் மூன்று பேர் ஒரே கதையில் முடிச்சுப் போடப்பட்டவர்கள். 1936-இல் போ யிபோ உட்பட 61 பேர் பெய்ப்பிங் (இன்றைய பெய்ஜிங்) சிறையில் இருந்தார்கள். கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வாருங்கள், வேலை இருக்கிறது என்று கட்சித் தலைமையே சொன்னது. அனுமதி கொடுத்த தலைமை யார்? அன்றைய பொதுச் செயலாளர் சாங் வென்டியான். கையெழுத்துப் போட்டவர் போ யிபோ. முப்பது வருஷம் கழித்துக் கலாச்சாரப் புரட்சியில் அந்தப் பழைய காகிதத்தைத் தோண்டி எடுத்து, 'அறுபத்தொரு துரோகிகள்' என்று வழக்குக் கட்டியவர் யார்? அதே பெஞ்சுக் காங் ஷெங். பின் வரிசையில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் பழங்கதை பேசக்கூடாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

காங் ஷெங் ரகசியப் போலீஸ் வேலையில் கை தேர்ந்தவர். 1956-இல் முழு உறுப்பினரிலிருந்து மாற்றுக்கு இறங்கியவர். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை என்பது என் சந்தேகம். களையெடுக்கப்பட்டவர்கள் வீட்டு ஓவியங்களும் பழம்பொருட்களும் இவர் வீட்டில் சேர்ந்தன. சென் போடாவோ மாவோவின் செயலாளர். ஃபுஜியான் உச்சரிப்பு அவ்வளவு தடிப்பு. மேடையில் அவர் பேசுவதைச் சீனத்திலிருந்து சீனத்துக்கு மொழிபெயர்க்க இன்னொருவர் நிற்க வேண்டும். இந்த இருவர் மட்டும் 1966-இல் பின் பெஞ்சிலிருந்து எகிறி நேராகத் தலைமைக் குழுவின் உச்சியான நிலைக்குழுவில் விழுந்தார்கள். 1970-இல் சென் மாவோவை மேதை என்று அளவுக்கு மேல் புகழ்ந்து மேற்கோள் தொகுத்ததே தப்பாகிச் சிறைக்குப் போனார். ஜால்ரா அடித்து உள்ளே போன அரிய மனிதர். காங் 1975-இல் பதவியோடு செத்தார். 1980-இல் செத்தவரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். உள்மங்கோலியாவின் உலான்ஹூ 1966-இல் கவிழ்ந்து, பின்னால் மீண்டு நாட்டின் துணை அதிபரானார். அவர் ஊர் ஜனங்கள் அந்த நாட்களில் பட்டது சிரிக்கிற விஷயம் அல்ல.

இந்தக் காங் ஷெங்கை ஓர் இந்தியர் போய்ப் பார்த்தார். 1970-இல் நக்சல்பாரித் தலைவர் சாரு மஜும்தாரின் கட்சிக்காரர் சௌரன் போஸ் பெய்ஜிங் போனார். கல்கத்தாச் சுவரெல்லாம் அப்போது 'சீனத்தின் தலைவரே எங்கள் தலைவர்' என்ற வாசகம். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துப் போனவருக்கு, பிரதமர் சூ என்லாயும் காங் ஷெங்கும் வகுப்பெடுத்தார்கள். எங்கள் பாணியில் சுருக்கினால்: 'ஏம்ப்பா, எங்க தலைவரை நாங்க பாத்துக்கறோம், நீங்க உங்க ஊர்ல ஒருத்தரைப் பாருங்க.' அந்த அரசியல் தருமபுரி வரைக்கும் வந்தது. அதில் உயிர்விட்ட எங்கள் மாவட்டத்து இளைஞர்களை இந்தக் கட்டுரையின் கிண்டலுக்குள் நான் இழுக்கப்போவதில்லை.

மாற்று நாற்காலிக்கே திரும்புவோம். 1973-இல் தலைமைக் குழுவின் மாற்று உறுப்பினரான வூ குய்சியான் பஞ்சாலைத் தொழிலாளி. இரண்டே வருஷத்தில் துணைப் பிரதமர். சம்பளம் மட்டும் ஆலைச் சம்பளம். கூட்ட அரங்கில் குடிக்கிற டீக்குக் காசு கேட்டதால் டீ குடிப்பதையே விட்டுவிட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். 1977-இல் ஆலைக்கே திரும்பினார். டீக்குக் காசு கொடுத்த துணைப் பிரதமர் என்று சொன்னால், இங்கே பொறுப்பில் இருக்கிற ஒருவரும் நம்ப மாட்டார்.

போ யிபோ மட்டும் எல்லாரையும் தாண்டி 98 வயசு வரை வாழ்ந்தார். மகன் போ சீலாயை மேலே கொண்டுவரப் பார்த்தார். 1997 மாநாட்டில் அந்த மகனுக்கு மாற்று உறுப்பினர் இடம்கூடக் கிடைக்கவில்லை. பெரிய வீட்டுப் பிள்ளைகள் மேல் பிரதிநிதிகளுக்கு அவ்வளவு கடுப்பு. இன்னொரு பெரிய வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் மயிரிழையில் கிடைத்தது: 151 மாற்று உறுப்பினர்களில், வாக்கு வரிசைப்படி 151-ஆவது. பெயர் ஷி ஜின்பிங். கடைசி பெஞ்சில் கடைசி ஆள். 2012-இல் அவர் பொதுச் செயலாளர். அதே வருஷம் போ சீலாய் கட்சியை விட்டு நீக்கப்பட்டு, மறு வருஷம் ஆயுள் தண்டனை.

2022 மாநாட்டில் 171 மாற்று உறுப்பினர்கள். பெய்ஜிங்கில் எனக்கு ஒரு மளிகைக் கடை இருந்திருந்தால், முன்னால் இருக்கிற நூற்றெழுபது பேரிடமும் ரொக்கம் கேட்பேன். 171-ஆவது ஆளுக்கு மட்டும், 'ஐயா, மெதுவா குடுங்க, என்ன அவசரம்' என்று கணக்கு நோட்டைத் திறந்து வைப்பேன்.