வரி பிரிக்கும் சித்தப்பா

தைப் பொங்கல் முடிந்து கரும்புச் சக்கையைக் கூட்டித் தள்ளுவதற்குள் அவருடைய போன் வந்துவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம் என்றால் இப்படி ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். சில வீட்டில் அவர் பெரியப்பா, சில வீட்டில் அத்தான், அபூர்வமாக எங்காவது ஒரு பெரிய மதினி. எங்களுக்கு வாய்த்தவர் சித்தப்பா. சென்னை, மும்பை, சார்ஜா என்று சிதறிக் கிடக்கிற சொக்காரங்க அத்தனை பேரையும் பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தா கோயிலில் கொண்டுவந்து நிறுத்திப் பொங்கல் விடவைப்பது அவர் வேலை. இந்த வேலைக்கு அவரை யார் நேர்ந்துவிட்டார்கள் என்று தெரியாது.

"யாரு பேசுதேன்னு தெரியுதா?"

தெரியாமல் என்ன? அவர் எண்ணை 'வரி சித்தப்பா' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறோம். ஆனாலும் "சொல்லுங்க சித்தப்பா, சௌக்கியமா" என்று இழுத்துக்கொண்டே, வர முடியாததற்கு என்ன காரணம் சொல்லலாம் என்று மனசு தேட ஆரம்பிக்கும். அவரிடம் அது செல்லாது. உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் தணிக்கைப் பிரிவில் அடுத்தவர் கணக்கைத் திருப்பி அனுப்பியே பழகியவர். யார் எந்த வருஷம் என்ன சாக்குச் சொன்னார்கள் என்பது அவருடைய நீல அட்டை நோட்டில் தேதியோடு இருக்கிறது. "மாமியாருக்குக் கண் ஆபரேஷன்னு ரெண்டு தடவ சொல்லிட்டியேல. ரெண்டு கண்ணும் முடிஞ்சாச்சு. மூணாவது கண்ணு சிவனுக்குத்தான் உண்டு."

பதில்களை எடைபோடுவதிலும் கெட்டிக்காரர். 'பாக்கேன் சித்தப்பா' என்றவன் வர மாட்டான். 'கண்டிப்பா வந்துருவோம், இதுக்குக்கூட வராம வேற எதுக்கு' என்றவனை அந்த நிமிஷமே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார். 'யாரு யாரெல்லாம் வாராவ?' என்று விசாரிக்கிறவன்தான் வருவான். பெண்டாட்டி பிள்ளைகளோடு மச்சினன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு. அவனுக்கு எட்டு இலை என்று எழுதிக்கொள்வார்.

உத்திரம் எந்த நாளில் என்பதைப் பஞ்சாங்கம் சொல்லிவிடுகிறது. அதற்கும் ஓட்டெடுப்பு வைத்தவர் சித்தப்பா. 2022 கடைசியில் வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வசதி வந்ததும் அதைச் சும்மா விட மனசில்லாமல், உத்திரத்தை எந்தத் தேதியில் வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று தேதிகளைப் போட்டார். நிஜமான உத்திரம் இரண்டாம் இடத்துக்குத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தது. பிறகு வாக்குகளைத் தள்ளுபடி செய்து, தோற்ற நட்சத்திரமே வெற்றி பெற்றதாக அறிவித்தார். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும் அவருக்கு ஒரு குழு போதாது. சமையலுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, வசூலுக்கு ஒன்று. அவர் இல்லாத குழு ஒன்றும் உண்டு. உண்மையான விவாதமெல்லாம் அதில்தான்.

வசூல் என்றால் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பது. கல்யாண மண்டபத்தில் மேடையேறுகிற எல்லாரும் மாப்பிள்ளையை வாழ்த்திவிட்டு இறங்க, சித்தப்பா மட்டும் காதோரம் குனிந்து, "இந்தப் பங்குனியிலேர்ந்து நீ ஒரு தலக்கட்டு, ஞாபகம் வச்சுக்க" என்பார். பெங்களூரில் ஒரு தம்பி இருக்கிறான். நாற்பதை நெருங்கியும் ஒன்றும் கூடிவரவில்லை. அவனுக்காகச் சித்தப்பா ஊர் ஊராகப் போய்ப் பெண் பார்க்கிறார். பாசம்தான் காரணம் என்று நாங்கள் சொல்கிறோம். வருவாய் இழப்புதான் காரணம் என்று அவன் சொல்கிறான்.

கட்டிக்கொடுத்த பெண்களின் கணக்கு வேறு. அவர்கள் புருஷன் வீட்டுச் சாஸ்தாவைப் பார்க்கப் போக வேண்டியவர்கள். இங்கே வந்தால் விருந்தாளி; வரி கிடையாது, வம்சாவளியில் பேரும் கிடையாது. பொங்கலில் நெய் காணாது என்று சொல்கிற உரிமை மட்டும் முழுசாக இருந்தது. அவர்களில் ஒரு தங்கச்சி, "நானும் ஒரு தலக்கட்டு வரி கட்டுதேன், எம் பேரயும் எம் பிள்ளைங்க பேரயும் போடுங்க சித்தப்பா" என்று பணத்தை அனுப்பிவிட்டாள். நீல நோட்டில் அதை எழுத இடமில்லை. 'நன்கொடை' என்று ரசீது போட்டார். "தலைப்பு தவறு, திருத்தி அனுப்பவும்" என்று ரசீதைத் திருப்பிவிட்டாள். தணிக்கைக்காரருக்கே தணிக்கைக் குறிப்பு! சில நாள் யாருக்கும் போன் வரவில்லை. அப்புறம் பார்த்தால் நோட்டில் புதிதாக ஒரு கோடு கிழித்து அவள் பேரை எழுதியிருந்தார். மரபு மாறியது என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "வசூல் கூடியிருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் செய்த காரியங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஆனால் அவருடைய திறமை முழுசாக வெளிப்படுவது ரயிலில். சென்னையிலிருந்து ஒரு கும்பலையே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்ற வேண்டும். முன்பு 120 நாளைக்கு முன்னாலேயே பதிவு செய்யலாம்; போவதா வேண்டாமா என்று நாங்கள் யோசிப்பதற்குள் டிக்கெட் எடுத்துவிடுவார், பிறகு வேறு வழியில்லாமல் போவோம். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். தன்னைக் கேட்காமல் குறைத்துவிட்டதாக அவருக்கு வருத்தம். காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். ஏழரைக்கே மூன்று மருமகப்பிள்ளைகளை மூன்று ஊரில் லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, போனில் மணி சொல்லிக்கொண்டிருப்பார். உத்திரத்துக்கு முந்தின ராத்திரி வண்டி சில நிமிஷத்தில் நிரம்பிவிடும். எப்படியும் கடைசி டிக்கெட்டில் நாலு பேருக்குப் படுக்கையும் இரண்டு பேருக்கு ஆர்.ஏ.சி.யும் வந்து நிற்கும்.

ஆர்.ஏ.சி. என்றால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து போவது. கால் நீட்ட வேண்டுமானால் அடுத்தவர் மடியில்தான் நீட்ட வேண்டும். ஒரு வருஷம் சித்தப்பா பேர் போட்ட வரிசையில் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள், கிணற்றுப் பங்குக்காகக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்த இரண்டு அண்ணன்மார். தாம்பரம் வரை இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். செங்கல்பட்டில் ஒருவர், யாரிடமும் இல்லாமல் பொதுவாக, "டிக்கெட் போடுத லெச்சணமா இது?" என்றார். "அவரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில எம் பேர விட்ட ஆளுதான" என்று எதிரிலிருந்து பதில் வந்தது. அதற்குப் பிறகு பேச்சுக்குக் குறைவே இல்லை. விழுப்புரத்தில் எலுமிச்சம்பழச் சாதம் கைமாறியது. விருத்தாசலம் தாண்டி, நடுச்சாமத்தில், இருவரும் சேர்ந்தே போன் போட்டுச் சித்தப்பாவைத் திட்டியிருக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் வாய்தாவுக்கு இப்போது ஒரே பைக்கில் போகிறார்கள்.

நிலம், நகை, அரசியல், பிள்ளைகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று எதிலும் எங்கள் வகையறாவில் இரண்டு பேர் ஒத்துப்போனதில்லை. சித்தப்பாவைக் குறை சொல்வதில் மட்டும் யாரும் கட்சி பார்ப்பதில்லை. அவருக்கு இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தேதான் வருஷத்துக்கு ஒரு புதுத் தப்பாகச் செய்து தருகிறாரோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி டிசர்ட் என்ற திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் ஏதோ ஒரு கட்சிக்கொடி வந்துவிடுகிறது. வெள்ளைத் துணியில் வெள்ளை எழுத்து என்று ஒரு மாமா சொன்ன யோசனைக்குத்தான் எதிர்ப்பே இல்லை. டிசர்ட் கைவிடப்பட்டது.

அதற்குப் பதிலாக வந்தது வம்சாவளி ஃபிளெக்ஸ், எட்டடிக்குப் பத்தடி. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது. நாலு தலைமுறையில் 11 பேருக்கு ஒரே பேர், காரையாறு மலைக்காட்டில் இருக்கிற சொரிமுத்து அய்யனார் பேர். குழப்பம் வரக் கூடாதென்று மில்லு, பம்பாய், மொட்டை என்று ஊர் வழங்குகிற பட்டப்பெயரையே சித்தப்பா அடைப்புக்குறிக்குள் அச்சடித்துவிட்டார். மொட்டையின் பேத்திக்கு அப்போதுதான் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மொட்டைக்கு இளைய தாரம் ஒன்று உண்டு என்பதை மாப்பிள்ளை வீட்டார் தெரிந்துகொண்டது ஃபிளெக்ஸைப் பார்த்துத்தான்.

அந்த ஃபிளெக்ஸ் ஒருமுறை உதவியும் செய்தது. 2024 மார்ச்சில் உத்திரமும் மக்களவைத் தேர்தல் கெடுபிடியும் ஒன்றாக வந்தன. நடத்தை விதி அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆவணம் காட்ட வேண்டும். வசூல் பணத்தை மஞ்சப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வேனில் வந்த சித்தப்பாவைப் பறக்கும் படை நிறுத்தி, ஆவணம் இருக்கிறதா என்று கேட்டது. கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார்கள். நீல நோட்டைத் திறந்து கற்பூரம், வாழையிலை, பொங்கப்பானை, உடைந்த பானைக்கு ஈடு என்று தொடக்கத்திலிருந்து வாசித்தார். அது முடிந்ததும் வேன் கூரையிலிருந்த ஃபிளெக்ஸை இறக்கி ரோட்டோரம் விரித்து, எந்த ரூபாய் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று முட்டிபோட்டு உட்கார்ந்து விரலால் காட்டத் தொடங்கினார். "அய்யா, நீங்க கிளம்புங்க" என்று படையில் ஒருவர் கும்பிட்டுவிட்டாராம். சித்தப்பா கிளம்புவாரா? கணக்கைப் பார்வையிட்டதற்கு அத்தாட்சியாக நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வண்டியில் ஏறினார்.

கோயில் தேரிக்காட்டுக்குள் இருக்கிறது. பங்குனி வெயிலில் அந்தச் செம்மணலில் வெறுங்காலோடு இறங்கினால் பக்திக்குத் தானாகவே வேகம் வந்துவிடும். சாஸ்தாவுக்குச் சைவப் படைப்பு, பக்கத்தில் நிற்கிற சுடலைமாடனுக்குக் கிடா. எந்தப் பந்தி முதலில் என்று வருஷா வருஷம் சண்டை நடக்கும். அதைச் சொல்லப் புகுந்தால் முடியாது. மும்பையிலிருந்து வந்த ஒரு பையன் தான் 'வீகன்' என்றான். சித்தப்பா அதைச் சைவத்தில் எழுதிக்கொண்டு, கூடுதலாக ஒரு கரண்டி நெய் விடச் சொன்னார்.

போன உத்திரத்துக்கு 117 இலை என்று திட்டமாக எழுதித் தவசிப்பிள்ளை கையில் கொடுத்தார். கிலோவுக்கு எட்டு இலை வீதம் பதினைந்து கிலோ அரிசி. தவசிப்பிள்ளை அந்தத் தாளை மடித்து அடுப்புக்கு விசிறினார். "பக்கத்துக் கோயிலுக்கு வந்தவனும் இங்கதான் உக்காருவான் அண்ணாச்சி" என்று இருபது கிலோவை உலையில் தட்டினார். கடைசிப் பந்தி எழுந்தபோது சோறு மிச்சமில்லை. எச்சில் இலைகளை எண்ணிக்கொண்டு நின்ற சித்தப்பாவின் கணக்கில் 154 வந்தது. அந்த 37 பேர் யார் என்று இன்றுவரை முழுசாகத் தெரியவில்லை. சிலர் குடும்பப் போட்டோவிலும் இருக்கிறார்கள். ஒருவர் நட்ட நடுவில், ஆச்சிக்குப் பக்கத்து நாற்காலியில், பேரப்பிள்ளை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்தத் தையில், தனக்கு வயசாகிவிட்டது, இனி இளவட்டங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சித்தப்பா அறிவித்தார். ஐந்து பேர் கொண்ட கமிட்டியை அவரே நியமித்தார். அதற்கு ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்று அவரே முன்மொழிந்து, அவரே ஒப்புக்கொண்டார். ஆலோசகரின் முதல் ஆலோசனை, போட்டோவில் நடுவில் இருப்பவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது. கண்டுபிடித்துவிட்டார்கள், பக்கத்து ஊர்க்காரர், நல்ல மனுஷன். சாப்பிட்டதை மறுக்கவில்லை. ஒரு தலைக்கட்டு வரியையும் உடனே அனுப்பிவிட்டார், அடுத்த உத்திரத்துக்குப் பெண்டாட்டியோடு வருவதாகவும் சொல்லியிருக்கிறார். ரசீதில் அவரை எந்தக் கிளையில் எழுதுவது என்பதில்தான் கமிட்டி இப்போது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.