900 மில்லி ஞானம்

நீலகிரி மலையில் எங்கள் பிக்கட்டியில் ஒருவர் தன் பைக்குக்குத் தானே ஆயில் மாற்றியிருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்க யாரும் துப்புத் துலக்க வேண்டியதில்லை. அவரே சொல்லிவிடுவார். "மஞ்சூர்ல மழைங்களா?" என்று கேட்டால் போதும். "மழைதான். இந்த ஈரத்துல பாருங்க, இன்ஜினுக்குள்ள தண்ணி எறங்கினா ஆயில் பால் ஊத்தின காபி மாதிரி ஆயிரும். இந்தத் தடவை நானே மாத்தினேனா…" என்று பேச்சு அங்கேதான் போய் நிற்கும். கல்யாண வீட்டில் சாம்பாரில் எண்ணெய் மிதந்தால் அது எத்தனை டிகிரிக்கு இளகும் என்று சொல்வார். துக்க வீட்டில் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிப்பார். அங்கேயும், அமரர் ஊர்தி கிளம்பும்போது பக்கத்தில் நிற்பவர் காதில், "புகை நீலமா வருது பாத்தீங்களா? ஆயில் எரியுது" என்பார்.

ஆயிரம் தடவை ஆயில் மாற்றியவர் இப்படிப் பேசமாட்டார். ஒரே ஒரு தடவை மாற்றியவர்தான் பேசுவார். இவரைப்போல எல்லா ஹட்டியிலும், அதாவது எங்கள் மலைக் கிராமம் ஒவ்வொன்றிலும், ஒருவர் இருக்கிறார். எங்கள் ஹட்டிக்காரரை 'நம்மவர்' என்றே வைத்துக்கொள்வோம்.

நம்மவருக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம், ஒரு 100 சிசி பைக், மத்தியானத்துக்கு மேல் நிறைய நேரம். பதினோரு வருடமாக அந்த பைக்கைக் கண்ணை மூடிக்கொண்டு மெக்கானிக்கிடம் விட்டு வந்தவர். ஒருநாள் சும்மா இருக்கமாட்டாமல், "என்ன ஆயில் போடறீங்க?" என்று கேட்டுவிட்டார். மெக்கானிக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போட வேண்டியதத்தாங்க."

அந்த ஒரு சொல் நம்மவருக்குள் முள்ளாய்த் தைத்துவிட்டது. அன்று ராத்திரி போர்வைக்குள் செல்போன் வெளிச்சம். ஹைதராபாத்தில் ஒருவர், மணிலாவில் ஒருவர், டெக்சாஸில் தொப்பி போட்ட ஒருவர் என்று வரிசையாக ஆயில் மாற்றினார்கள். விடிகாலை இரண்டு மணிக்குள் நம்மவர் மனத்தால் பதினேழு வண்டிகளுக்கு ஆயில் மாற்றி முடித்திருந்தார்.

மறுநாள் டீக்கடையில் பாடம் தொடங்கியது.

"டப்பாவுல 10டபிள்யூ-30ன்னு போட்டிருக்கானே, அந்த டபிள்யூ என்னன்னு தெரியுமா?"

"வெயிட்டு" என்றார் தேயிலை ஏற்றும் இலை வண்டி டிரைவர்.

"அதான் இல்ல. வின்டர். குளிர்காலம். அமெரிக்காவுல மோட்டார் இன்ஜினீயர் சங்கத்துக்காரன் போட்ட கணக்கு. முன்னால இருக்கற நம்பர் குளிர்ல எப்படி ஓடும்ங்கறதுக்கு, பின்னால இருக்கறது சூட்டுல எப்படி நிக்கும்ங்கறதுக்கு. தை மாசம் அவலாஞ்சிப் பக்கம் புல்லு வெள்ளையா உறைஞ்சு கெடக்குதே, அந்தக் காலையில ஸ்டார்ட் பண்ணினா ஆயில் இறுகாம மேல ஏறணும். கோயமுத்தூர்க்காரனுக்கு அந்த எழுத்தே தேவையில்ல. நமக்குன்னுதான் அச்சடிச்சிருக்கான்."

"டீ இறுகுது, குடிங்க" என்றார் கடைக்காரர்.

டிரைவர் நல்ல மனுஷர். தன் வண்டிக்கு ஊற்றியது போக மிச்சம் ஒரு லிட்டர் இருக்கிறது, சும்மாவே தருகிறேன் என்றார். நம்மவர் விஷத்தைக் கண்டதுபோலக் கையை ஆட்டினார். காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர் பெட்டிக்கு வேறு ஆயில். கிளட்ச் காய்ந்தே கிடக்கும். பைக்கில் மூன்றும் ஒரே குட்டையில் குளிக்கின்றன. காருக்கென்று வழுக்கல் கூட்டிச் செய்த ஆயிலை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் தட்டும் சேர்ந்து வழுக்கும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் சத்தம் வரும், வண்டி வராது. அதனால்தான் ஜப்பான்காரன் 'ஜாசோ எம்ஏ' என்று தனி முத்திரையே வைத்திருக்கிறான். "கெத்தை வழியா 43 கொண்டை ஊசி எறங்கிக் காரமடை போயிட்டு ஏறி வர்ற வண்டிங்க இது. ஃபஸ்ட்டு கியர், செகண்டு கியர்தான் அதுக்குப் பொழப்பே. இதுல கிளட்சு வழுக்கினா என் கதி?" என்றார். இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நம்மவரைச் சகிப்பதில் இருக்கிற கஷ்டமே அதுதான். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்துவிடும்.

தானே ஆயில் மாற்றுகிற துணிச்சலுக்கு முன்னோர் வேண்டுமே? நம்மவருக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் அவருடைய தாத்தா. குந்தா நீர்மின் திட்டத்தைக் கனடா நாட்டு உதவியோடு கட்டிய காலத்தில் அங்கே கூலி வேலைக்குப் போனவர். "கனடாக்காரன் டோசருக்கே ஆயில் ஊத்தின குடும்பம் எங்களுது" என்பார் நம்மவர். தாத்தா சுமந்தது கல் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டாமவர் கோவை ஜி.டி. நாயுடு. வாலிபத்தில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டியே இயந்திரம் கற்றவர். பிறகு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி – பழனி தடத்தில் தொழில் தொடங்கியவர். நாயுடு கழற்றினார், பிறகு பூட்டினார். அதில் முதல் பாதி வரை நம்மவரும் சரியாகவே வந்தார் என்பதை வரலாறு ஒப்புக்கொள்ளும்.

மெக்கானிக் கூலி 100 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க ஸ்பேனர் செட், கையுறை, தலையில் கட்டுகிற லைட், ஆயில், புது வாசர் என்று நம்மவர் ஊட்டிக்குப் போய் 1,400 ரூபாய்க்கு வாங்கி வந்தார். பஸ் சார்ஜ் தனி. "ஸ்பேனர் காலத்துக்கும் கெடக்கும்" என்று மனைவியிடம் கணக்குச் சொன்னார். அந்தம்மாள், "ஆமா, போன வருஷம் வாங்கின புல் வெட்டற மெஷினும் கெடக்குது" என்றார்.

இனி செயல். வண்டியோடு வந்த கையேட்டின் முதல் வரியிலேயே நம்மவருக்குச் சோதனை காத்திருந்தது: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தவும்.

இதை எழுதியவர் பிக்கட்டிக்கு வந்ததில்லை. இங்கே ஒரு வீட்டு மொட்டை மாடி அடுத்த வீட்டு வாசல். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைப்பதற்கே முட்டுக்கல் தேடுகிற ஊர். சாய்ந்து நிற்கிற வண்டியில் ஆயில் அளவுக் குச்சி பொய்தான் சொல்லும். நம்மவர் மகனிடமிருந்து ஒரு கோலிக்குண்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வைத்துப் பார்த்த இடமெல்லாம் அது உருண்டது. பின்னால் நான்கு பையன்கள் ஓடினார்கள். கடைசியில் அது அசையாமல் நின்ற இடங்கள் மூன்று. ஒன்று கோயில் முற்றம். ஒன்று பஸ் திரும்புகிற இடம். மற்றொன்று இலை எடை போடும் ஷெட். ஷெட்டுக்காரர், "ஒரு சொட்டு ஆயில் இலையில பட்டாலும் அத்தனை தூளும் நாறும். ஓடிப் போயிருங்க" என்று கும்பிட்டார். கடைசியில் கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, தன் வீட்டு வாசலிலேயே ஸ்டாண்டுக்கு அடியில் கல் கொடுத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை அரை நாள் வேலை செய்தார். வீடு கட்டும்போதுகூட அப்படி மட்டம் பார்க்கவில்லை என்பது கொத்தனாரின் வாக்குமூலம்.

அடுத்தது புனல். வீடியோக்களில் எல்லோரும் தண்ணீர் பாட்டிலைக் குறுக்கே வெட்டிக் கவிழ்த்துக்கொண்டார்கள். நீலகிரியில் அந்த பாட்டிலுக்குத் தடை. தடையை மீறி ஒன்றை வைத்திருப்பதாக ஒப்புக்கொள்ள ஊரில் யாரும் தயாரில்லை. ரேஷன் மண்ணெண்ணெய்க் காலத்துத் தகரப் புனலைப் பரணிலிருந்து இறக்கினார்கள். சிலந்தி ஒன்று அதைக் காலி செய்ய மறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் பதினைந்து பேர். நானும் அங்கே இருந்தேன்; டார்ச் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. தலையில் லைட் இருக்கும்போது டார்ச் எதற்கு என்று நான் கேட்கவில்லை. நம்மவர் முறைப்படி இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தார். சூடான ஆயில்தான் அடியில் படிந்த அழுக்கையும் வாரிக்கொண்டு முழுசாக இறங்கும். பிறகு பழைய பேசினை அடியில் வைத்து, 17-ஆம் நம்பர் ஸ்பேனரோடு படுத்தார்.

ஆயில் வடிக்கிற நட்டு அசையவில்லை. மேலேயிருந்து பார்த்தால் இடது, கீழேயிருந்து பார்த்தால் வலது. நம்மவர் பத்து நிமிடமாக அதை இறுக்கிக்கொண்டிருந்தார். "தலைகீழாப் படுத்திருக்கேல்ல, அதுக்கும் தலைகீழாத் திருப்பு" என்று ஒரு பெரியவர் எடுத்துக்கொடுத்தார். நட்டு கழன்றது. கறுப்புத் தாரை வளைந்து பாய்ந்து, பேசினைத் தாண்டி, டிரைவரின் செருப்பில் விழுந்தது. பேசினை நகர்த்தினார்கள். அழுத்தம் குறையக் குறையத் தாரை பின்வாங்கும் என்று வீடியோவில் யாரும் சொல்லவில்லை. அது இப்போது பேசினுக்கு இந்தப் பக்கம், நம்மவரின் முழங்கையில் விழுந்தது.

சேத்தக் ஸ்கூட்டர் ஓட்டிய காலத்துப் பெரியவர் பெருமூச்சு விட்டார். "நாங்கெல்லாம் பெட்ரோலோடயே ஆயிலையும் கலந்து ஊத்திட்டுப் போயிட்டே இருப்போம். அது எரிஞ்சு போயிரும். மாத்தறதாவது, படுக்கறதாவது!"

ஆயில் வடிந்தது. நட்டைப் பூட்டினார். புனல் வழியாக 900 மில்லியும் தேன்போல இறங்கியது. அளவுக் குச்சியை மரை சுற்றாமல் வெறுமனே வைத்து எடுத்துப் பார்த்தார்; சரியாக இரண்டு கோட்டுக்கும் நடுவில். கூட்டத்தில் ஒரு மரியாதை பரவியது. அந்த நேரம் பார்த்து நட்டின் அடியில் ஒரு சொட்டு துளிர்த்தது.

"இன்னும் ஒரு சுத்து வைங்கண்ணா" என்றான் ஒரு பையன்.

வைத்தார். அடுத்த சொட்டு வந்தது.

"கால் சுத்து" என்றார் டிரைவர். வைத்தார்.

"ஆம்பளை மாதிரி இறுக்குப்பா" என்றார் சேத்தக் பெரியவர்.

நம்மவர் ஆம்பளை மாதிரி இறுக்கினார். கரக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஸ்பேனர் வெண்ணெயில் கத்தி போல எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றியது. மரை கழன்றுவிட்டது. யாருடைய மரை என்பதில்தான் ஊரில் இன்றுவரை இரண்டு கட்சி.

அந்த அமைதியில் மனைவி சன்னல் வழியாகக் கையை நீட்டினார். "ஏங்க, மோதிரம் மாதிரி ஒண்ணு இங்க பாக்கெட்டோட கெடக்குதே, இது எதுக்கு?"

புது வாசர்.

இன்ஜினை ஓட்டக் கூடாது, ஆயில் ஒழுகுகிறது. சாயந்திரம் இலை வண்டியில் மூட்டைகளை இறக்கிவிட்டு பைக்கை ஏற்றினார்கள். டிரைவர் புதுச் செருப்போடு வந்தார். மெக்கானிக் குனிந்து பார்த்தார், விரலை விட்டுத் தடவினார், நிமிர்ந்து நம்மவரைப் பார்த்தார்.

"யூடியூபா?"

நம்மவர் தலையசைத்தார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. புதிதாக மரை வெட்டி, ஒரு சுற்றுப் பெரிய நட்டு போட்டார். வாசரை வைத்துக் கையால் முடுக்கி, கடைசியில் ஸ்பேனரை மணிக்கட்டால் மட்டும் ஒரு வெட்டு வெட்டினார். அவ்வளவுதான் இறுக்கம். நம்மவர் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஞ்சியது பழைய ஆயில். புது ஆயிலை வாங்கியபோது எட்டிப் பார்க்காத ஊர், பழையதற்கு ஏழு டப்பாவோடு வந்தது. ஒருவருக்கு வேலிக்காலுக்குப் பூச, ஒருவருக்குக் கொட்டகைக் கதவுக்கு, ஒருவருக்கு எதற்கென்று தெரியாது, சும்மா கிடைக்கிறதே! ஓடையோரமாகக் கொட்டிவிடலாமே என்று ஒருவர் சொன்னபோதுதான் நம்மவர் அன்றைக்கு முதல் தடவையாகக் கோபப்பட்டார். "இங்க கொட்டினா குந்தா ஆத்துக்குப் போகும். அங்கிருந்து பில்லூர் டேமு. கோயமுத்தூர்க்காரன் குடிக்கிற தண்ணிங்க அது. எனக்கு வாசரு போட மறந்துச்சு, சரி. அதுக்கு அவன் ஏன் ஆயில் குடிக்கணும்?" என்றார். கீல்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்துவிட்டு, மீதியை மெக்கானிக்கின் கழிவு பீப்பாயில் கொண்டுபோய் ஊற்றினார். என் வீட்டுக் கேட்டு அந்த ஒரு கரண்டியால்தான் கத்துவதை நிறுத்தியது.

அதன் பிறகுதான் முதல் பத்தியில் சொன்ன காலம். மரை கழன்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நம்மவர் மூன்று மாதம் சொன்னார். நாங்களும் கேட்டோம். 1,400 ரூபாய் செலவழித்தவருக்கு அந்த அளவு காது கொடுப்பது நியாயம்தான்.

போன மாதம் ஒரு விடிகாலையில் பால் வாங்கப் போனபோது அவர் வாசலில் வெளிச்சம் தெரிந்தது. பனிமூட்டத்துக்குள் தனியாகப் படுத்திருந்தார். கூட்டம் இல்லை, செல்போன் இல்லை. ஸ்டாண்டுக்கு அடியில் அதே கல். வாசர் வாய்க்குள், உதடுகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது. நான் பால் வாங்கித் திரும்புவதற்குள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். அடியில் ஒரு சொட்டு இல்லை.

அன்று டீக்கடையில் நான்தான் வம்புக்குக் கேட்டேன். "காலையில ஆயில் மாத்தினீங்க போல. என்ன ஆயில் ஊத்தினீங்க?"

நம்மவர் கிளாஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊத்த வேண்டியதத்தான்."