கூழைக்கடாவுக்கு ஒரு பி.பி.ஏ.

வேடந்தாங்கல் ஏரியில் இந்த சீசனுக்கு வந்திறங்கியிருக்கும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கரண்டிவாயன் அனைவருக்கும் தொலைநிலைக் கல்வியில் பி.பி.ஏ. பட்டம் கொடுத்துவிடலாம் என்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பணிவுடன் பரிந்துரைக்கிறேன். சிரிக்க வேண்டாம். தகுதிகளைப் பாருங்கள். அட்மிஷன் போட்டதில்லை. வகுப்புக்கு வந்ததில்லை. புத்தகத்தைப் பிரித்ததில்லை. இதே தகுதிகளோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைத் தேர்வில் 117 பேர் புகுந்து வந்திருக்கிறார்கள். அதுகளுக்கு இறக்கை இருக்கிறது என்பதற்காகப் பாரபட்சம் காட்டலாமா?

மறந்துபோனவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1980-81 முதல் கரஸில் சேர்ந்து, அரியர் வைத்து, கல்யாணம் குழந்தை என்று அப்படியே விட்டுப்போனவர்களுக்கெல்லாம் பல்கலைக்கழகம் மனமிரங்கி இன்னொரு வாய்ப்பு கொடுத்தது. 2020 டிசம்பர் தேர்வு. கொரோனா காலம் என்பதால் ஆன்லைன். வீட்டில் உட்கார்ந்து எழுதி அனுப்பினால் போதும். நல்ல எண்ணம்தான், நாற்பது வருஷத்து அரியருக்கு விமோசனம். ஆனால் கதவைத் திறந்து வைத்தவர்கள் வாசலில் ஆள் நிறுத்த மறந்துவிட்டார்கள். உள்ளே நுழைந்தவர்களில் 117 பேர் அந்தப் படிப்பில் சேரவே இல்லை என்பது பின்னால் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. நடுவில் ஆட்கள் இருந்ததாகவும் லட்சக்கணக்கில் கைமாறியதாகவும் செய்திகள் வந்தன. வணிகப் படிப்பின் சாரத்தை வகுப்புக்குப் போகாமலேயே பிடித்துக்கொண்டவர்கள் என்றுதான் இவர்களைச் சொல்ல வேண்டும்: சரக்கு, விலை, தரகு.

என் வயிற்றெரிச்சல் அந்த 117 பேர் மேல் இல்லை. 118ஆவது ஆளை நினைத்துத்தான்.

அவரைப் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்கு முன் படாளம் கூட்டுரோட்டுக்கு வாருங்கள். வேடந்தாங்கல் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பைக்கில் வந்து, வண்டியை டீக்கடை ஓரமாகப் போட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் ஒருவர். மறைமலை நகருக்கோ, மகிந்திரா சிட்டிக்கோ, ஒரகடத்துக்கோ போவார். வயது நாற்பதைத் தொடப் போகிறது. தோளில் பை, பையில் டிபன் பாக்ஸ், அதற்கு அடியில் ரசக்கறை பட்ட ஸ்டடி மெட்டீரியல். தனக்குப் பிறகு வேலைக்கு வந்த பையன் டிகிரி இருந்ததால் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். இவர் இன்னும் லைனில்தான் நிற்கிறார். “ஒரு டிகிரி முடிச்சுட்டு வாங்க சார், பாக்கலாம்” என்று எச்.ஆர். சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பி.பி.ஏ. சேர்ந்தவர். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தினமும் கேட்பார்: “இன்னாண்ணா, பையன் புக்க எடுத்துனு வந்துட்டியா?”

புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். மேலாண்மைக் கோட்பாடுகள், முதல் அலகு. பிரான்சில் சுரங்கக் கம்பெனி நடத்திய ஹென்றி ஃபயோல் 1916இல் எழுதி வெளியிட்ட 14 கோட்பாடுகள். அதில் ஒன்று கட்டளை ஒருமை: ஒரு தொழிலாளிக்கு ஒரே அதிகாரிதான் உத்தரவு போட வேண்டும். நம்மாளுக்குக் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒருவர், லைன் லீடர் ஒருவர், ஷிப்ட் இன்சார்ஜ் ஒருவர். மூன்று பேரும் மூன்று வேலை சொல்வார்கள். ஏதாவது தப்பு நடந்தால் மட்டும் மூன்று விரலும் ஒரே ஆளை நோக்கி நீளும்; ஃபயோலின் ஒருமை அந்த இடத்தில் சற்றும் பிசகியதில்லை. இன்னொரு கோட்பாடு பணி நிலைத்தன்மை. ஆளை அடிக்கடி மாற்றினால் நிர்வாகம் கெடும் என்கிறார் ஃபயோல். கான்ட்ராக்டரும் அதை மதித்தே நடக்கிறார்: பதினோரு மாதம் முடிந்ததும் ஒப்பந்தம் புதிது, ஐ.டி. கார்டு புதிது, ஆள் மட்டும் பழைய ஆள். நியாயமான ஊதியம் என்ற கோட்பாடும் உண்டு. அதை நம்மாள் சாய்ஸில் விட்டுவிட்டார்.

அடுத்த அலகு அமெரிக்காக்காரர் டெய்லர். தொழிலாளி குனிவதையும் நிமிர்வதையும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து, ஒரு நாளில் இன்னும் எவ்வளவு வேலையைப் பிழியலாம் என்று கணக்குச் சொன்னவர். 1911இல் புத்தகமே போட்டார். “நேர ஆய்வின் நன்மைகளை விவரி, பத்து மதிப்பெண்.” எழுதியாயிற்று. தீமைகளைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் விடைத்தாளின் மேல் மணிக்கட்டை வைத்துவிட்டு வந்திருப்பார். அப்புறம் மாஸ்லோ. பசி, தாகத்தில் தொடங்கித் தன்னிறைவு வரைக்கும் தேவைகளை அடுக்கு அடுக்காக ஏற்றி வைத்தவர். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு அடித்தளத்தில் தூக்கம் என்று ஒன்று இருப்பதே பெரிய விஷயமாகப் படுகிறது.

வணிக உத்திகள் என்று ஒரு தாள். அதில் தொழிலிலிருந்து வெளியேறும் உத்தி என்று ஒரு பாடம். இதற்கு ஸ்டடி மெட்டீரியலே வேண்டாம். 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் அந்தப் பாடத்தை வரைபடம் இல்லாமல் நடத்த ஒருவர் கிடைப்பார். அவருக்கு விரிவுரையாளர் வேலை கொடுக்க யுஜிசி விதி இடம் தராது. நெட் பாஸ் பண்ணவில்லை.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை நைட் ஷிப்ட். லீவு கேட்டால், “எக்ஸாமா? எதுக்கு சார் இந்த வயசுல?” என்று சிரித்துவிட்டு லாஸ் ஆஃப் பே போடுவார்கள், அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். டிகிரி முடித்து வரச் சொன்னதும் அதே ஆபீஸ்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அடித்த பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதுகிறார். தூக்கத்தில் கையெழுத்து வரியை விட்டு இறங்கி ஓடுகிறது. இப்படியே மூன்று வருஷப் படிப்பு ஐந்து வருஷம் ஆகி, ஒரு நாள் பட்டம் கைக்கு வருகிறது. வீட்டில் கேசரி கிண்டுகிறார்கள். ஒரிஜினலை பிளாஸ்டிக் கவரில் போட்டு, நாலு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு எச்.ஆர். முன்னால் போய் நிற்கிறார்.

“ரெகுலரா, கரஸா?”

கேட்பது இருபத்தைந்து வயதுப் பையன். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது யார் என்பதுதான் விஷயம்.

பத்தாவது வேண்டாம், பன்னிரண்டாவது வேண்டாம், வயது வந்தால் போதும், வாருங்கள் என்று திறந்தநிலைப் படிப்புக்கு ஊரெல்லாம் போர்டு வைத்தவை பெட்டிக்கடைகள் அல்ல, பல்கலைக்கழகங்கள். இளங்கலையே இல்லாதவருக்கு நேராக முதுகலை கொடுத்த கூத்தும் நடந்தது. 2009இல் உச்ச நீதிமன்றம், அண்ணாமலைப் பல்கலைக்கழகமே மேல்முறையீட்டுக்குப் போன ஒரு வழக்கில், அடிப்படைப் பட்டம் இல்லாத அப்படிப்பட்ட முதுகலை செல்லாது என்றது. அதே வருஷம் ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசாணை எண் 107ஐப் போட்டது: பத்தும் பன்னிரண்டும் முறையாகத் தேறாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அரசுப் பணிக்கு ஆகாது. விதிப்படி சரியாகவே இருக்கட்டும். பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டது ஒரு கை, பட்டத்தை வாங்கிக் கிழித்தது இன்னொரு கை. இரண்டு கையும் ஒரே உடம்பில்தானே ஒட்டிக்கொண்டிருக்கின்றன? சரக்கு கெட்டது என்றால் கடைக்காரனைப் பிடிப்பதுதான் உலக வழக்கு. நம் ஊரில் மட்டும் வாங்கியவனைப் பிடித்து, “ஏன்டா வாங்கினாய்” என்று கேட்டார்கள்.

அதோடு முடிந்ததா? அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979லிருந்து தொலைநிலைக் கல்வி நடத்துகிறது, அஞ்சலில் படித்தேன் என்று ஒருவர் சொன்னால் “சிதம்பரமா?” என்று கேட்ட காலம் உண்டு. 2013இல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டு அதை எடுத்துக்கொண்டது. 2022 மார்ச்சில் யுஜிசி ஓர் அறிவிப்பு விட்டது: இவர்களின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம், அதற்குப் பிறகு நடத்தியது எதுவும் செல்லாது. ஏழு வருஷம். ஏழு வருஷத்தில் ஒரு குழந்தை பிறந்து இரண்டாம் வகுப்பு போய்விடும். அத்தனை வருஷமும் விண்ணப்பம் விற்றார்கள், ஃபீஸ் வாங்கினார்கள், சீல் வைத்து ரசீது கொடுத்தார்கள். டெல்லிக்கும் சிதம்பரத்துக்கும் வழக்கு வாய்தா ஆயிரம் இருக்கட்டும். ஃபீஸ் கவுண்டர் முன்னால் வரிசையில் நின்றவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அதே வருஷம் செப்டம்பரில் அதே யுஜிசி இன்னோர் அறிவிப்பு விட்டது: அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தரும் தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம். சமமாம். படாளம் கூட்டுரோட்டில் யாராவது போய்ச் சொல்லுங்கள்.

காகிதத்தின் மரியாதையைப் பற்றிப் பேசுவதென்றால் பறவைகளிடம் ஒரு காகிதம் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து நாரைகளைச் சுட்டுப் பொழுதுபோக்கியபோது வேடந்தாங்கல் குடியானவர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்கள் நெல்லுக்கு எரு. அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798இல் பாதுகாப்பு ஆவணம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கவும் பட்டது. கடல் தாண்டி வந்த கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்த காகிதத்துக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் மதிப்பு. நம் பல்கலைக்கழகம் அச்சடித்துக் கொடுத்ததற்கு அரசாணை வரும்வரை மதிப்பு. அந்தப் பறவைக் காகிதத்தையும் சும்மா விடவில்லை என்பது வேறு விஷயம். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சரணாலயம் என்று 1998இல் அறிவித்ததை, 2020இல் மூன்றாகச் சுருக்க வனத்துறையே கோப்பு நகர்த்தியது. எல்லைக்குள் ஏற்கெனவே இயங்கும் மருந்துத் தொழிற்சாலையின் விரிவாக்கத்துக்காகத்தான் இந்த அவசரம் என்று சூழலியலாளர்கள் குற்றம்சாட்டினார்கள். நாரையின் பட்டாவிலேயே கைவைக்கத் துணிந்தவர்களுக்கு நைட் ஷிப்ட்காரனின் மார்க் ஷீட் எம்மாத்திரம்?

இன்னும் எச்.ஆர். அறையில்தான் நிற்கிறார் நம்மாள். நல்லவேளை, அவர் பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்தவர்; அவர் படித்த பல்கலைக்கழகத்துக்கு அந்த வருஷம் அனுமதியும் இருந்தது. எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்த பையன், “உண்மைத்தன்மைச் சான்றிதழ் வேணும் சார்” என்கிறான். அதாவது, இந்தப் பட்டம் நாங்கள் கொடுத்ததுதான் என்று பட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்களே இன்னொரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். சேராமலே பரீட்சை எழுதியவர்கள் உள்ளே நடந்து போனபோது அசந்து தூங்கிய இந்தப் பல்கலைக்கழக உலகம், ஐந்து வருஷம் ஃபீஸ் கட்டிய மனிதன் அசலா போலியா என்று சோதிக்கக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறது. சோதனைக்கான கட்டணத்தையும் சோதிக்கப்படுபவர்தான் கட்ட வேண்டும். டி.டி. எடுத்து, சுயவிலாசமிட்ட உறை வைத்து, இன்னொரு நாள் சம்பளத்தை விட்டு நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

சான்றிதழ் வந்தது. உண்மையான ஆள்தானாம். பையன் அதை வாங்கி ஃபைலில் குத்திவிட்டு நிமிர்ந்தான்.

“சூப்பர் சார். ஆனா சூப்பர்வைசர் போஸ்ட்டுக்கு இந்த வருஷத்துலேர்ந்து எம்.பி.ஏ. கேக்கறாங்க. ரெகுலர்.”